மில்ட்டன் ஊர்த் தச்சர்

அரியணையில் அமர்ந்தவர்களின் பெயர்கள் நமக்கு மனப்பாடம். அந்த அரியணையை இழைத்துச் செய்தவன் பெயர் என்ன என்று எந்தத் தேர்விலும் கேட்பதில்லை, நாமும் கேட்டுக்கொள்வதில்லை. அமெரிக்க வரலாறு என்றால் வாஷிங்டன், ஜெஃபர்சன், லிங்கன் என்று அடுக்குவோம். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரின் காரணங்களை எண் போட்டு எழுதுவோம். அத்துடன் நம் கடமை முடிந்தது!

அந்தப் போருக்கு முன்பு, ஏறத்தாழ 35 ஆண்டுகள் ஒரு சிற்றூரில் இருந்துகொண்டு, நாற்காலியும் மேசையும் கட்டிலும் சவப்பெட்டியும் செய்து வாழ்ந்த ஒரு தச்சரைப் பற்றி இங்கே எழுத விரும்புகிறேன். அவர் பெயர் தாமஸ் டே. ஊர், வட கரோலினா மாநிலத்தில் வர்ஜீனியா எல்லையை ஒட்டி, டான் ஆற்றங்கரையில் உள்ள மில்ட்டன். அவர் கறுப்பர், ஆயினும் அடிமையல்லர். அதுமட்டுமன்று, அவரே அடிமைகளை வைத்திருந்தவர். இந்தக் கடைசிச் செய்தியைப் படித்தபோது நான் திடுக்கிட்டேன். நீங்களும் திடுக்கிடுவீர்கள். அந்தத் திடுக்கீடுதான் இக்கட்டுரைக்குக் காரணம்.

வாழ்வோருக்கும் மாண்டோருக்கும்

முதலில் அந்தத் தொழிலைப் பற்றிச் சில சொற்கள். சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் அமெரிக்கச் சிற்றூர்களில் ஈமப் பணிக்கென்று தனித் தொழிலாளர் இல்லை. ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால், அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து உடலைக் கழுவி உடுத்துவார்கள். ஓர் ஆள் ஓடிப்போய் ஊர்த் தச்சரிடம் உடலின் நீளத்தைச் சொல்வான். மரமும் உளியும் ரம்பமும் அவரிடம்தானே இருக்கின்றன! நேற்று அந்த வீட்டுக்கு உணவு மேசை செய்து கொடுத்தவர், இன்று அதே வீட்டுக்குச் சவப்பெட்டி செய்து கொடுப்பார்.

செய்வதும் எளிதன்று. அக்காலப் பெட்டி தோள்பட்டை அருகே அகன்று, தலைப்பக்கமும் கால்பக்கமும் குறுகியிருக்கும். பக்கப் பலகையைத் தோள் வரும் இடத்தில் வளைக்கவேண்டும். அதற்காகப் பலகையின் உட்புறத்தில் பாதி ஆழத்துக்கு வரிசையாக ரம்பத்தால் கீறி, கொதிநீர் ஊற்றி, மெல்ல வளைப்பார்கள். கொஞ்சம் அவசரப்பட்டால் பலகை உடையும். சாவு வீடோ காத்திருக்காது. ஓரிரு நாளுக்குள் எல்லாம் முடியவேண்டும். பணம் உள்ளவர்க்கு அக்ரூட் மரம் அல்லது மகோகனி. இல்லாதவர்க்குப் பைன் பலகை. சாவில் எல்லாரும் சமம் என்பார்கள். தச்சரின் கணக்குப் புத்தகம் அப்படிச் சொல்லவில்லை!

காலப்போக்கில் இத்தகைய தச்சர்கள் பலர் சவ வண்டியும் வாங்கி, அடக்கத்துக்கான ஏற்பாடுகள் முழுவதையும் ஏற்றுக்கொண்டார்கள். உள்நாட்டுப் போரில் ஊரைவிட்டுத் தொலைவில் மாண்ட வீரர்களின் உடல்களை வீட்டுக்கு அனுப்பவேண்டி வந்தபோது, உடலைக் கெடாமல் பதப்படுத்தும் முறை பரவிற்று. 1865இல் லிங்கனின் உடல் அவ்வாறு பதப்படுத்தப்பட்டு, வாஷிங்டனிலிருந்து ஸ்பிரிங்ஃபீல்டு வரை ரயிலில் ஊர் ஊராகக் கொண்டுசெல்லப்பட்டதை இலட்சக்கணக்கானோர் கண்டனர். தொழிற்சாலைகளில் செய்த பெட்டிகள் கடைக்கு வந்தன. 1882இல் ஈமத் தொழிலாளருக்கெனத் தேசியச் சங்கமே தோன்றிவிட்டது. அதன் பிறகும் பல சிற்றூர்களில் ஒரே கூரையின் கீழ் மரச்சாமான் கடையும் ஈமக் கடையும் நெடுநாள் நடந்தன. தாமஸ் டே இந்த மாற்றங்களுக்கு முந்தியவர். கையால் பெட்டி செய்த தலைமுறையைச் சேர்ந்தவர்.

தச்சுக் குடும்பம்

1801ஆம் ஆண்டில் வர்ஜீனியாவில் டின்விடி என்ற வட்டாரத்தில், அடிமைத்தளையில்லாத பெற்றோருக்குப் பிறந்தார் தாமஸ் டே. தந்தை ஜான் டே மரச்சாமான் செய்பவர். தாய் மோர்னிங் ஸ்டூவர்ட். அவருடைய தந்தையும் சுதந்திரக் கறுப்பரே. தாமசும் அவருடைய அண்ணன் ஜானும் தந்தையிடம் தொழில் கற்றார்கள், எழுத்தும் கற்றார்கள். 1820களில் மில்ட்டனுக்கு வந்து பட்டறை வைத்தார் தாமஸ். 1827இல் சொந்தமாக இடம் வாங்கினார். அதே ஆண்டில் உள்ளூர்ச் செய்தித்தாளில் தம் கடைக்கு விளம்பரமும் கொடுத்தார்.

ஒரே பட்டறையில் வளர்ந்த அண்ணனும் தம்பியும் இரு திசைகளில் சென்றதுதான் வியப்பு. அண்ணன் ஜான் டே, இந்த நாட்டில் கறுப்பனுக்கு வாழ்வில்லை என்று முடிவு செய்து, 1830இல் ஆப்பிரிக்காவின் லைபீரியாவுக்குக் கப்பலேறினார். அங்கே சமயப் பணி செய்தார். 1847இல் அந்நாட்டின் விடுதலை அறிக்கையில் கையொப்பமிட்டவர்களுள் அவர் ஒருவர். பின்னர் அந்நாட்டின் தலைமை நீதிபதியாகவும் விளங்கினார். உளி பிடித்த கை நாட்டின் விடுதலைப் பத்திரத்தில் எழுதுகோல் பிடித்தது!

தம்பி கடல் கடக்கவில்லை. மில்ட்டனிலேயே வேரூன்ற முடிவு செய்தார். வேரூன்றியும் காட்டினார். 1839இல் அதே வட்டாரத்தில் ஸ்டீபன் என்ற அடிமைத் தொழிலாளி, மரக்கரி வெப்பத்தில் புகையிலையைப் பொன்னிறமாகப் பதப்படுத்தும் முறையைத் தற்செயலாகக் கண்டார். அந்தப் புகையிலையால் பண்ணையார்களிடம் பணம் குவிந்தது. பணம் வந்ததும் பெரிய வீடு; பெரிய வீடு வந்ததும் நல்ல சாமான். அவற்றைச் செய்து கொடுத்தவர் தாமஸ் டே. கட்டில், அலமாரி, சாய்விருக்கை மட்டுமல்ல. மாடிப்படியின் தலைத்தூணையும் கணப்படுப்பின் முகப்பையும்கூட அலைபோல் சுழித்துச் செதுக்கினார். அந்தச் சுழிவு அவருடைய கைமுத்திரை. மாநில ஆளுநராக இருந்த டேவிட் ரீடு அவருடைய வாடிக்கைக்காரர். மில்ட்டன் பிரஸ்பிட்டேரியன் திருக்கோயிலின் இருக்கைகளும் அவர் பட்டறையில் செய்தவையே. 1848இல் ஊரின் பெரிய கட்டடமான யூனியன் விடுதியை விலைக்கு வாங்கி, வீடாகவும் பட்டறையாகவும் ஆக்கிக்கொண்டார். பின்னர் நீராவி எந்திரமும் வைத்தார். 1850 அளவில் வட கரோலினாவிலேயே மிகப் பெரிய மரச்சாமான் பட்டறை அவருடையதாக இருந்தது. வெள்ளையரும் அங்கே கூலிக்கு வேலை செய்தனர்.

61 கையொப்பங்கள்

இவ்வளவு உயர்ந்தவருக்கு மனைவியை வீட்டுக்கு அழைத்துவர உரிமை இருந்ததா? அதைப் பார்ப்போம்.

1830இல் அவர் வர்ஜீனியாவைச் சேர்ந்த அக்குவில்லா வில்சன் என்ற சுதந்திரக் கறுப்பினப் பெண்ணை மணந்தார். மணமகள் வீட்டுக்கும் மணமகன் வீட்டுக்கும் இடையே மாநில எல்லை. வெளி மாநிலத்துச் சுதந்திரக் கறுப்பர் எவரும் வட கரோலினாவில் குடியேறக்கூடாது என்று 1826இல் சட்டம் செய்திருந்தார்கள். தாலி கட்டியவன் கதவைத் திறந்துவைத்திருக்க, சட்டம் வாசலில் நின்று தடுத்தது என்று நம் வழக்கில் சொல்லலாம்.

அப்போது மில்ட்டன் ஊர் வெள்ளையர் 61 பேர் கூடி, சட்டமன்றத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கையொப்பமிட்டார்கள். தாமஸ் டே சிறந்த தொழிலாளி, நல்லொழுக்கம் உடையவர். மனைவியை அனுமதிக்காவிட்டால் அவர் ஊரைவிட்டுப் போய்விட நேரும். ஆகவே அனுமதி தரவேண்டும் என்பது விண்ணப்பத்தின் சாரம். மாநிலத் தலைமை வழக்கறிஞர் ரோமுலஸ் சாண்டர்ஸ் தம் பரிந்துரையையும் சேர்த்தார். சட்டமன்றம் இசைந்தது. அக்குவில்லா மில்ட்டனுக்கு வந்தார்.

இதைப் படித்ததும், ‘பார்த்தீர்களா, திறமைக்கு நிறமில்லை! உழைத்தால் உலகமே தலைவணங்கும்!’ என்று மேடையில் முழங்கத் தோன்றும். நானும் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் சாண்டர்சின் பரிந்துரையில் உள்ள ஒரு காரணம் அந்த எண்ணத்தை உடைத்துவிட்டது. கறுப்பரிடையே ஏதேனும் கலகம் மூளுமானால், தாமஸ் டே அதைத் தெரிவித்துவிடுவார் என்று நம்பலாம். ஏனெனில் அவர் நிலம் உடையவர், அடிமைகளும் உடையவர் என்பதே அது.

எண்ணிப் பாருங்கள்! அவருக்குக் கிடைத்த நற்சான்றின் விலை என்ன? தம் இனத்தாரை உடைமையாக வைத்திருப்பதே அவருடைய நல்லொழுக்கத்துக்குச் சாட்சியாயிற்று. 61 பேர் கையொப்பமிட்டது ஒரு மனிதனின் உரிமைக்காகவன்று; தங்கள் ஊருக்கு ஒரு நல்ல தச்சர் வேண்டும் என்பதற்காக. சட்டம் அப்படியே இருந்தது. ஒருவருக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது. கைத்தொழில் அறியாத ஒரு சுதந்திரக் கறுப்பன், எல்லைக்கு அப்பால் உள்ள பெண்ணை மணந்திருந்தால் அவனுக்காக யார் கையொப்பமிடுவார்?

விலக்கு என்பது உரிமையன்று. உரிமையைக் கேட்டுப் பெற வேண்டியதில்லை. விலக்கையோ நாள்தோறும் நடந்து காட்டித் தக்கவைத்துக்கொள்ளவேண்டும். 1831இல் வர்ஜீனியாவில் நாட் டர்னர் தலைமையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்த பிறகு கெடுபிடிகள் கூடின. 1835இல் வட கரோலினா தன் அரசியல் சட்டத்தைத் திருத்தி, சுதந்திரக் கறுப்பருக்கு அதுவரை இருந்த வாக்குரிமையைப் பறித்தது. ஆளுநருக்குச் சாமான் செய்து கொடுத்தவர், ஆளுநரைத் தேர்ந்தெடுக்க வாக்களிக்க முடியாதவர்!

பெயரில்லாத 14 பேர்

1850ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தாமஸ் டேயிடம் இருந்த அடிமைகள் 14 பேர். அந்தக் கணக்கெடுப்பில் அடிமைகளுக்கென்று தனிப் பட்டியல் உண்டு. அதில் உடையவர் பெயர் இருக்கும், அடிமையின் வயது, பால், நிறம் இருக்கும், பெயர் இராது. தாமஸ் டே செய்த சாமான்கள் என்று இன்று அருங்காட்சியகங்களில் வைத்துப் போற்றுகிறோமே, அவற்றில் அவர்களுடைய வியர்வையும் உண்டு. அவர்களுள் எவர் பெயரும் அந்தப் பட்டியலில் இல்லை.

அவருக்காகப் பரிந்து பேசுவோர் உண்டு. வெள்ளையர் நடுவே பிழைத்திருக்க அவருக்கு வேறு வழியில்லை என்பார்கள். அவருடைய இன்னொரு முகத்தையும் காட்டுவார்கள். அது பொய்யன்று. 1835இல் பிலடெல்பியாவில் சுதந்திரக் கறுப்பரின் முன்னேற்றத்துக்காக நடந்த மாநாட்டில் அவர் கலந்துகொண்டார். ஊருக்குத் தெரிந்தால் என்ன நேரும் என்று அவருக்குத் தெரியாதா? மகள் மேரி ஆனையும் மகன்கள் டெவரோவையும் தாமசையும் வடக்கே மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பள்ளிக்கு அனுப்பிப் படிக்கவைத்தார். மில்ட்டனில் தமக்குக் கிடைத்த மதிப்பு பிள்ளைகளுக்கும் கிடைக்கும் என்று அவரே நம்பவில்லை போலும்!

இந்தச் செய்திகள் அவர் உள்ளத்தின் நோவைக் காட்டுகின்றன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நோவு அந்த 14 பேரின் விலங்கைக் கழற்றவில்லை. அவர் பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றபோது, அவர்களுடைய பிள்ளைகள் எங்கே சென்றார்கள்? இந்தக் கேள்வியைக் கேட்காமல் அவரைப் போற்றுவது பாதி உண்மை. இதை மட்டுமே கேட்டு அவரை ஒதுக்குவதும் பாதி உண்மைதான். ஏனெனில் மனிதனை மனிதன் வாங்கி விற்கலாம் என்ற சந்தையை அவர் அமைக்கவில்லை. அந்தச் சந்தையில் விற்கப்படுபவனாக இல்லாமல் இருக்க, வாங்குபவனாக நின்றார். அடிமை முறை எவ்வளவு கொடியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அது தான் ஒடுக்கியவர்களை மட்டும் கெடுக்கவில்லை. தப்பிப் பிழைத்தவர்களையும் கெடுத்தது.

முடிவாக

1857இல் அமெரிக்காவில் வாணிகம் சரிந்தது. வாடிக்கைக்காரர்கள் கடனைத் திருப்பவில்லை. 1858இல் தாமஸ் டே நொடித்துப்போனார். 1861 அளவில், போர் மூளும் வேளையில் மறைந்தார். தந்தையின் பெயரைத் தாங்கிய மகன் பட்டறையை மேலும் சில ஆண்டுகள் நடத்தினார். 1865இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. அதைக் காண அந்தத் தச்சர் இல்லை. யூனியன் விடுதியை 1975இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். 1989இல் தீ அதை அழித்தது. பிறகு மீண்டும் எடுத்துக் கட்டினார்கள்.

நண்பர்களே! ‘திறமையிருந்தால் போதும், எவரும் உயரலாம்’ என்ற சொல்லை வகுப்பறையிலும் விழா மேடையிலும் அடிக்கடி கேட்கிறோம். தாமஸ் டேயின் வாழ்க்கை அந்தச் சொல்லைச் சற்றே நிறுத்தி, உரசிப் பார்க்கச் சொல்கிறது. அவரிடம் திறமை இருந்தது, உழைப்பு இருந்தது, ஊரார் மதிப்பும் இருந்தது. ஆயினும் தம் மனைவியோடு தம் வீட்டில் வாழ, பிறருடைய 61 கையொப்பங்கள் வேண்டியிருந்தன. திறமை ஒருவருக்கு மதிப்பைத் தேடித் தரும். ஆனால் மனிதனாக வாழும் உரிமை திறமைக்குப் பரிசாக வரக்கூடாது. அது திறமையில்லாதவனுக்கும் பிறப்பிலேயே இருக்கவேண்டும். அப்படி இல்லாத சமுதாயத்தில் திறமைசாலிகூடத் தன் நிலையைக் காத்துக்கொள்ளப் பிறர் தோளில் கால் வைக்க நேரும்.

தாமஸ் டே செய்த சாமான்கள் இன்றும் உறுதியாக நிற்கின்றன. அவர் செய்த சவப்பெட்டிகளோ மண்ணோடு மண்ணாயின. அவர் பெயரை நாம் அறிந்து போற்றுவோம். போற்றும்போதே, பட்டியலில் வயதும் நிறமும் மட்டுமாக நிற்கும் அந்த 14 பேரையும் சேர்த்து நினைப்போம்.