வாயில் வைக்கிற பிள்ளையை ஏன் அடிக்கிறோம்?

பிள்ளை கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிறது என்று குறைப்பட்டுக்கொள்ளாத தாய் எங்கள் தெருவில் இல்லை. குறைப்பட்டுக்கொள்வதோடு நின்றால் பரவாயில்லை. கையில் ஓர் அடி, விரலில் வேப்பெண்ணெய், அதற்கும் அடங்காவிட்டால் மிளகாய்த்தூள் என்று வைத்தியம் நீண்டுகொண்டே போகிறது. அத்திபெலேக்கு வந்து இருபது ஆண்டுகளாகக் குடியிருப்பவள், பேரன் பேத்தி எடுத்தவள் என்ற உரிமையில் இதைப்பற்றி நாலு வார்த்தை எழுதத் தோன்றியது. திருத்த வேண்டியது பிள்ளை தவழும் தரையைத்தான், பிள்ளையை அல்ல என்பது என் கட்சி.

மூன்று நான்கு மாதத்தில் பிள்ளை முதலில் கண்டுபிடிப்பது தன் கையை. அதை எடுத்து வாயில் வைத்துப் பார்க்கிறது. அந்த வயதில் விரல்களைவிட உதடும் நாக்கும்தான் அதற்கு நன்றாகச் சேதி சொல்கின்றன. கெட்டியா மெதுவா, சூடா குளிர்ச்சியா என்பதெல்லாம் அந்த வழியாகத்தான் புரிகிறது. ஆறாம் மாதத்தை ஒட்டிப் பல் முளைக்கத் தொடங்கினால் ஈறு குறுகுறுப்பும் சேர்ந்துகொள்ளும். ஒரு வயது வரை இது உச்சத்தில் இருக்கும். பிறகு நடையும் பேச்சும் வந்து, விரல் பழகப் பழகத் தானாகக் குறையும். இரண்டு வயதுக்கு மேல் பெரும்பாலும் மறந்துபோகும். மூன்றுக்குள் அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் விட்டுவிடும். நடுவில் இரண்டு வயதையொட்டிக் கடைவாய்ப் பல் வரும்போது துண்டு முனையையும் சட்டைக் காலரையும் மறுபடி கடிக்கும். போன பழக்கம் திரும்பிவிட்டதே என்று பதறவேண்டியதில்லை. பால்பல் இருபதும் வந்து முடியவே இரண்டரை, மூன்று வயதாகிவிடும்.

நம் முன்னோர்களுக்கு இது தெரிந்தே இருந்தது. வாயில் வைக்கட்டும் என்றுதானே மரச்சூப்பானைக் கையில் கொடுத்தார்கள்? செஞ்சந்தன மரப்பாச்சியைப் பிள்ளை கடித்துப் பல் தடம் பதித்தால் யாரும் கோபித்துக்கொண்டதில்லை. ஆனால் பழையது எல்லாமே நல்லது என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளை வளர்ப்பான் என்று நாம் கொண்டாடும் வசம்பை வளையலாகக் கோத்துக் கையில் கட்டுகிறோம். பிள்ளை அதைத்தான் நாள் முழுக்கச் சப்புகிறது. கைக்குழந்தைக்கு வசம்பு வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்வதைக் கேட்பதே நல்லது. அரைஞாண் கயிற்றில் தொங்கும் தாயத்தும் அவிழ்ந்தால் நேரே வாய்க்குத்தான் போகும்.

எங்கள் பக்கத்து நிலவரத்தைச் சொல்கிறேன். தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து வரிசை வீட்டில் குடியிருக்கும் இளம் தம்பதிகளே இங்கு அதிகம். ஜூஜூவாடி வந்தால் தமிழ்நாடு. ஆனாலும் பாட்டி கூட இல்லை. புருஷன் பெயின்ட் அடிக்கும் பட்டறையிலோ, பாட்டரி பழுது பார்க்கும் கடையிலோ, பழைய இரும்புக் கடையிலோ வேலை செய்வார். அந்தச் சட்டையோடு வந்து, ஆசையாகப் பிள்ளையைத் தூக்குவார். பிள்ளை அந்தச் சட்டையைத்தான் சப்பும். ஜன்னல் கம்பியின் பழைய பெயின்ட் உரிந்து தரையில் கிடக்கும். அதுவும் வாய்க்குப் போகும்.

இதில் ஈயம் இருக்கலாம். ஈயம் கலந்த பெட்ரோல் புழக்கத்தில் இருந்த 1990களின் கடைசியில், ஜார்ஜ் அறக்கட்டளை பெங்களூர், சென்னை உள்ளிட்ட நகரங்களில் ரத்தப் பரிசோதனை நடத்தியது. 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பாதிப்பேருக்குமேல் அன்றைய வரம்பான 10 மைக்ரோகிராமைத் தாண்டி ஈயம் இருந்தது. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் இருந்த பேராசிரியர் துப்பில் வெங்கடேஷ் இதையே ஊர் ஊராகச் சொல்லிவந்தார். 2000இல் அந்தப் பெட்ரோல் ஒழிந்தது. வீட்டுப் பெயின்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்குமேல் ஈயம் கூடாது என்ற விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு அடித்த ஜன்னலுக்கு அந்த விதி தெரியுமா? ஒரே அளவு ஈயம் உள்ளே போனாலும் பெரியவரைவிட நாலைந்து மடங்கு அதிகமாகப் பிள்ளையின் உடம்பு அதை இழுத்துக்கொள்ளும். மூளை வளர்ச்சியைத்தான் அது பாதிக்கும். ஆகவே ஐயா, கை கால் கழுவிச் சட்டையை மாற்றிய பிறகு பிள்ளையைத் தூக்குங்கள். அம்மாமார்கள் தரையை ஈரத்துணியால் துடையுங்கள். பெருக்கினால் தூசி எழும்பி மறுபடி கீழேதான் உட்காரும்.

கண்ணன் மண்ணைத் தின்றபோது யசோதை வாயைத் திறக்கச் சொன்னாள். உள்ளே உலகமே தெரிந்தது. இன்று நாம் பார்த்தால் பட்டன் பாட்டரி தெரியக்கூடும். ரிமோட்டிலும், விளக்கு எரியும் பொம்மையிலும், பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டையிலும் அது இருக்கிறது. தொண்டைக்குக் கீழே சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். வாந்தி எடுக்க வைக்காமல், வாழைப்பழம் ஊட்டாமல், அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். முழு நிலக்கடலையும் புளியங்கொட்டையும் மூச்சுக்குழாயை அடைப்பவை. அதனால் வாரம் ஒருமுறை நீங்களே தரையில் குப்புறப் படுத்துக் கட்டிலடியைப் பாருங்கள். எத்தனை கிடைக்கிறது என்று உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்!

இரண்டு வயதுக்கு மேலும் ஒரு பிள்ளை மண், சுவர்ச் சுண்ணாம்பு, சாக்பீஸ், சாம்பல் என்று தேடித் தேடித் தின்றால், அது வேறு விஷயம். பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு அதன் பின்னால் இருக்கும். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு ரத்தசோகை இருந்தது. இரும்புச்சத்துக் குறைந்த உடம்பு ஈயத்தை இன்னும் அதிகமாக வாங்கிக்கொள்ளும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். இங்கே அடி எதற்கு உதவும்? ரத்தம் பார்க்கவேண்டும், டாக்டர் சொல்லும் இரும்பு மருந்தும் பூச்சி மருந்தும் கொடுக்கவேண்டும். அங்கன்வாடியில் கன்னடம் பேசுகிறார்களே என்று சில பெண்கள் அந்தப் பக்கமே போவதில்லை. பிள்ளைக்குச் சேரவேண்டியதைக் கேட்க நமக்குத் தெரிந்த கன்னடம் போதும்.

வாயில் வைக்கக்கூடாது என்று தடுப்பதைவிட, வைக்கத் தகுந்ததைக் கொடுப்பதுதான் சுலபம். சுத்தமான ஈரத்துணியைக் கொஞ்சம் குளிரவைத்துக் கொடுத்தாலே ஈறு ஆறும். பொம்மை வாங்கினால், 2021 ஜனவரி முதல் கட்டாயமான ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மைசூர் சாலையில் நமக்குச் சன்னபட்டணம் இருக்கிறது. புவிசார் குறியீடு பெற்ற அந்த ஊர்ச் சாமான்களை வெட்பாலை மரத்தில் கடைந்து, சுழலும்போதே அரக்குப் பூசி, தாழை மடலால் மெருகேற்றுகிறார்கள். அங்கும் செடிச்சாயமா, ரசாயனமா என்று கேட்டுத்தான் வாங்கவேண்டும்.

நம் சங்கத்து ஆண்டுவிழாவில் சின்னப் பிள்ளைகளுக்குப் பரிசாகத் தரும் பிளாஸ்டிக் கார்களில் சக்கரம் அன்றைக்கே கழன்றுவிடுகிறது. அடுத்த விழாவுக்குச் சன்னபட்டணத்துக் கிலுகிலுப்பையே வாங்கலாமே? செயற்குழு பணம் ஒதுக்கினால், போய்ப் பார்த்து வாங்கி வருவது ஒரு நாள் வேலை. துணைக்கு ஒருவர் வந்தால் நான் தயார்.