இறங்கியவர் எத்தனை பேர்

மஞ்ஞும்மல் பாய்ஸ் படம் வெளியானது 2024இல். எங்கள் வீட்டுக்கு அது இந்த வாரம்தான் வந்து சேர்ந்தது, இங்கிலாந்திலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் பெறாமகனின் மடிக்கணினியில். கொடைக்கானலில் குணா குகைப் பிளவுக்குள் விழுந்த நண்பனை இன்னொரு நண்பன் கயிறு கட்டி இறங்கித் தூக்கிவந்த 2006ஆம் ஆண்டுச் சம்பவம்தான் கதை. வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. முடிந்த கையோடு பெறாமகன் கேட்டான்: "பெரியப்பா, வாகரையில கேவ் ஒண்டும் இல்லையா?"

பிள்ளை அங்கே பல்கலைக்கழகக் குகைக் கழகத்தில் உறுப்பினராம். சனி ஞாயிறுகளில் யோர்க்ஷயர் பக்கம் போய், விளக்குப் பூட்டிய ஹெல்மெட்டோடு நிலத்துக்குள் இறங்கி, இடுப்பளவு குளிர்நீரில் நடந்து, நெஞ்சு தேயச் சேற்றில் ஊர்ந்து, பொழுதுபட்ட பிறகு வெளியே வருவார்களாம். அதற்குச் சந்தாவும் கட்டுவார்களாம். "காசும் குடுத்தா?" என்று என் மனைவி கேட்டது கேலிக்கில்லை. அவவுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

கிழக்கிலங்கைக் கரையோரத்து எங்கள் வாகரையில் ஏது குகை? ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பாறு, நடுவில் மணல். இங்கே ஆழமான குகை என்றால் நண்டு வளைதான். கல்லும் மலையும் வேண்டுமானால் கிரானுக்கு மேற்கே, குடும்பிமலைப் பக்கம் போகவேண்டும். இதைச் சொன்னேன், அவ்வளவுதான். மறுநாள் விடியப்புறமே எங்கள் தெருப் பொடியன்கள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் ஆளைக் காணோம். எங்கே, எந்தக் கல்லுக்கு, எத்தனை மணிக்குத் திரும்புவது, ஒன்றும் தெரியாது. பெரியம்மாவிடம் சொன்னது ஒரு சொல்: "இந்தா வாறம்." போன் வேலை செய்யவில்லை. அந்தப் பக்கம் மாலையானால் யானை இறங்கும். நான் கடப்படியில் கதிரையைப் போட்டு இருந்தேன். இரவு எட்டரைக்கு முழங்கால் உரசி, சட்டை கிழிந்து, வாயெல்லாம் பல்லாக மூன்று பேரும் வந்து இறங்கினார்கள். அந்தக் கோபம் இதை எழுதும்வரை ஆறவில்லை.

கோபத்தைக் கூட்டியது அவனே சொன்ன ஒரு விஷயம். அவர்களுடைய கழகத்தில் குகைக்குள் இறங்குமுன் மேலே இருக்கும் ஒருவரிடம் எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் இறங்கவேண்டுமாம்: எந்தக் குகை, எந்த வழி, எத்தனை பேர், எத்தனை மணிக்கு வெளியே, எத்தனை மணி தாண்டினால் தேடத் தொடங்குவது. அந்த நேரம் கடந்தால் மேலே இருப்பவர் காவல்துறைக்கு அழைப்பார். காவல்துறை வேறு குகைக்காரர்களை அழைக்கும். யோர்க்ஷயரில் கிளாப்பம் என்ற கிராமத்தில் 1935இலேயே இதற்கென ஒரு மீட்புக் குழுவைத் தொடங்கிவிட்டார்கள். சம்பளம் இல்லாத தொண்டர்கள். உள்ளே சிக்கியவனைத் தூக்க, ஊர்ந்து பழகியவன்தானே போகமுடியும்? ஆக, அங்கே முன்பின் தெரியாத ஆளுக்குத் தாளில் எழுதிக் கொடுப்பவன், இங்கே பெற்றவன் முறைக்காரனுக்கு "இந்தா வாறம்".

இந்தப் பத்தியின் பழைய வாசகர்களுக்கு "இந்தா வாறன்" மீது எனக்குள்ள வழக்கு தெரியும். கூரை மேயவேண்டியவர் மாரி முடியும்வரை சொன்ன "இந்தா வாறன்" பற்றி எழுதியபோது, இதே நோயால் பாதிக்கப்பட்ட பலர் கடிதம் போட்டார்கள். நேரம் சொல்லாமல் போவதை நம் ஆட்கள் ஒரு சுதந்திரமாக நினைக்கிறார்கள். அந்தச் சுதந்திரத்துக்கான செலவு முழுவதும் வீட்டில் இருப்பவரின் கணக்கில் விழுகிறது. சோறு ஆறும், விளக்கு அணையாது, ஒருவருக்கும் தூக்கம் வராது. வந்து சேர்ந்தவரோ "ஏன் இன்னும் படுக்கல?" என்று கேட்பார். இந்தக் கேள்விக்கு ஒரு தண்டனைச் சட்டம் வேண்டும் என்பது என் நெடுநாள் கோரிக்கை.

சரி, குகைக்கு வருவோம். இந்தப் பைத்தியம் அங்கே இன்று நேற்று தொடங்கியதல்ல. எடுவார் மார்ட்டெல் என்ற பிரெஞ்சு வக்கீல் 1895இல் யோர்க்ஷயரின் கேப்பிங் கில் என்ற பிலத்துக்குள் நூலேணியில் இறங்கினார். ஏறக்குறைய 100 மீட்டர் நேர்க்குத்து. மேலிருந்து ஓர் ஓடை கூடவே விழுந்துகொண்டிருந்தது. இப்போது ஆண்டுக்கு இரண்டு தடவை அங்குள்ள கழகங்கள் கப்பி பூட்டிப் பொதுமக்களை இறக்குகின்றன. இறங்குவது இலவசம், ஏறுவதற்குத்தான் காசு என்று ஒரு பகிடியும் உண்டாம். இந்தியாவில் மேகாலயாவில் 1992இலிருந்து உள்ளூராரும் வெளிநாட்டாரும் சேர்ந்து, மழையில்லாத மாதங்களில் இறங்கி, அடி அடியாக அளந்து வரைபடம் போட்டு வருகிறார்கள். அங்கே கிரெம் புரி என்ற மணற்கல் குகை 2018இல் அளந்தபோது 24 கிலோமீட்டரைத் தாண்டியது. கோழி கூவாத, வெயில் படாத இடத்தை அளவுநாடாவோடு நாலு காலில் போய் அளக்கிறார்கள். பைத்தியம்தான். ஆனால் ஒழுங்கான பைத்தியம்.

அந்த ஒழுங்கு உலகத்துக்குத் தெரிந்தது அதே 2018இல், தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில். ஜூன் 23ஆம் தேதி பந்து விளையாடிவிட்டு 12 பொடியன்களும் பயிற்றுநரும் உள்ளே போனார்கள். மழை வெள்ளம் வழியை அடைத்துவிட்டது. அவர்கள் யாரிடமும் தாளில் எழுதிக் கொடுக்கவில்லை. வாசலில் விட்டுப்போன சைக்கிள்கள்தான் சாட்சி சொன்னவை. ஒன்பது இரவுகளுக்குப் பின் ஜூலை 2ஆம் தேதி, கலங்கல் நீருக்குள் நீந்திப்போய்க் கண்டவர்கள் இரண்டு பிரித்தானியர்கள்: ரிக் ஸ்டான்டன், ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர், ஜோன் வொலாந்தன், கணினி ஆலோசகர். இருவருக்கும் குகைநீச்சல் பொழுதுபோக்கு. இருட்டில் விளக்கடித்து அவர்கள் முதலில் கேட்டது, எத்தனை பேர் என்று. சுகமா, பசியா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். பதின்மூன்று என்று பதில் வந்தது. கடைசியில் அத்தனை பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். சமன் குனன் என்ற தாய்லாந்தின் முன்னாள் கடற்படை வீரர் மட்டும், காற்று உருளைகளை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பும் வழியில் இறந்துபோனார்.

நம்முடைய குகைகள் அந்தச் சாதியல்ல. சுண்ணாம்புக்கல்லைத் தண்ணீர் கரைத்துக் கரைத்துக் குடைந்த நெடும் பிலங்கள் கிழக்கில் இல்லை. இது மிகப் பழைய கடுங்கல் நிலம். பாறை மேல் பாறை சாய்ந்த நிழல், அதற்குள் பத்துப் பேர் இருக்கலாம், மழைக்கு ஒதுங்கலாம். நம் குகைக்குள் தொலைந்துபோவது கடினம். வாசலிலிருந்து பார்த்தால் பின்சுவர் தெரியும். அதனால்தான் அவற்றில் மனிதர் குடியிருந்தார்கள். புலத்சிங்களவுக்கு அருகே பாகியன்கல குகையில் 48,000 ஆண்டுக்கு முந்திய எலும்பு அம்புமுனைகள் கிடைத்திருக்கின்றன. பிறகு வந்த துறவிகளுக்காக, மழைநீர் உள்ளே வழியாதபடி நெற்றிப் பாறையில் காடி வெட்டி, கொடுத்தவர் பெயரைப் பிராமியில் பொறித்தார்கள். வவுனியா பெரிய புளியங்குளத்தில் விசாக என்ற தமிழ் வணிகர் ஒருவர் குகை கொடுத்ததாக அப்படி ஒரு கல் சொல்கிறது. இன்றைக்கு அதே பாறைகளில் பெயின்ரால் தன் பெயரையும் காதலியின் பெயரையும் எழுதுகிறவர் ஒரு குகையும் யாருக்கும் கொடுக்கவில்லை.

இனி வருவது செலிக்மன். "மறுபடியும் செலிக்மனா?" என்பவர்கள் இரண்டு பந்தியைத் தாண்டிவிடலாம், எனக்கு வருத்தமில்லை. சார்ள்ஸ் செலிக்மனும் மனைவி பிரெண்டாவும் 1908 வாக்கில் வேடர்களிடையே சுற்றி, 1911இல் கேம்பிரிட்ஜில் வெளியிட்ட தடித்த புத்தகம் அது. எத்தனை தரம் எடுத்தாலும் நான் போய் நிற்பது எனெபெத்த வேடர்களின் குகை பற்றிய பக்கங்களில். ஒரே பாறை நிழலில் பல குடும்பங்கள் இருக்கும். சுவர் இல்லை, தட்டி இல்லை, கோடுகூட இல்லை. ஆனாலும் ஒவ்வொரு குடும்பமும் தன் இடத்தை விட்டு நகராது. அடுத்தவர் இடத்தில் போய் உட்காராது. வேலிக்கு ஒரு சாண் தள்ளிக் கதியால் போட்டதற்கு இருபது வருடம் கோட்டுக்கு நடக்கிற நம் ஊரில் இந்தப் பக்கங்களைப் படியெடுத்து ஒட்டலாம்.

இன்னொன்று பாறைச் சுவரில் இருந்த படங்கள். மனித உருவங்கள், விலங்குகள். சாம்பலை எச்சிலில் குழைத்து விரலால் வரைந்தவை. வரைந்தவர்கள் பெண்கள். வேட்டைக்குப் போன ஆண்கள் திரும்பும்வரை இருந்து வரைந்தார்களாம். புத்தகத்தில் அதற்கு மேல் அதிகம் இல்லை. எனக்கு அது போதும். இத்தனை ஆயிரம் ஆண்டுக் குகைக் கதையில் கல்லாயுதம் செய்தவனைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். அவன் எப்போது வருவான் என்று தெரியாமல் சாம்பலும் எச்சிலுமாய் இருந்தவளை எழுத பிரெண்டா போன்ற ஒருத்தி கூடப் போகவேண்டியிருந்தது. ஒன்றில் மட்டும் அந்தத் தம்பதியோடு எனக்குத் தகராறு. எங்கள் கரையோர வேடரைத் தமிழரோடு கலந்துவிட்டார்கள் என்று சொல்லி ஒரு சின்ன அத்தியாயத்தில் முடித்துவிட்டார்கள். வாகரையின் வேடர்கள் மீன் பிடித்தார்கள், தமிழ் பேசினார்கள், கப்பலில் வந்த பேய்களுக்கும் சடங்கு செய்தார்கள். கலப்பில்லாத வேடனைத் தேடி வந்த விஞ்ஞானிக்கு அது குறையாகப் பட்டிருக்கிறது. இன்றைக்கும் பனிச்சங்கேணியிலும் குஞ்சங்கல்குளத்திலும் அந்த வேடர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், சடங்கும் இருக்கிறது. ஒரு முழுப் புத்தகத்துக்கான ஆட்களைக் கலப்பென்று தள்ளிவிட்டு அவர் மலையேறிப் போய்விட்டார்.

பெறாமகனைப் போல நிலத்துக்குள் போவது ஒருவருக்குப் பொழுதுபோக்காக வேண்டுமென்றால், கயிறும் விளக்கும் மட்டும் போதாது. நிலத்துக்கு மேலே ஒருவர் தேத்தண்ணி குடித்தபடி மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மேல் பாதுகாப்பு, கீழ் ஆபத்து. இந்த ஒழுங்கு மாறக்கூடாது. என் மனைவிக்கு "காசும் குடுத்தா?" என்று வந்ததன் காரணம் இதுதான். யுத்த காலத்தில் இங்கே அது தலைகீழாக இருந்தது. எங்களுக்கு நிலத்துக்குள் இறங்குவதென்றால் பங்கர்.

வாகரை மணலில் பங்கர் வெட்டியவர்களுக்குத் தெரியும். இடுப்புக்குக் கீழே தோண்டினால் தண்ணீர் ஊறும். மண் சரியாமலிருக்க உரப்பையில் மணல் நிரப்பி அடுக்கவேண்டும், மேலே தென்னங்குற்றி பரப்பவேண்டும், சிதறு துண்டு நேரே வராமலிருக்க வழியை 'ட'னாவாகத் திருப்பவேண்டும். 2006 நவம்பர் தொடங்கி, 2007 ஜனவரியில் இராணுவம் வாகரைக்குள் வந்து ஊர் முழுக்கக் கிளம்பியது வரைக்கும் மாரி. எங்கள் ஆட்கள் போதாதென்று மூதூர்ப் பக்கத்திலிருந்தும் ஈச்சிலம்பற்றிலிருந்தும் ஓடிவந்த சனம். பங்கருக்குள் கெண்டைக்கால் வரை தண்ணீர், தவளை, சிலவேளை பாம்பு. பாம்பு ஒரு மூலை, நாங்கள் ஒரு மூலை. அதுவும் தன் இடத்தை விட்டு அசையாது. செலிக்மன் வந்திருந்தால் குறித்திருப்பார்.

வெளியே நின்று நேரம் பார்க்க ஒருவரும் இல்லாத இறக்கம் அது. எல்லோருமே உள்ளே. ஆகவே எண்ணும் வேலையை அம்மா எடுத்துக்கொண்டா. எங்கள் வீட்டாரும் பக்கத்து வளவாருமாகப் பதினொரு பேர். பகலென்றாலும் இரவென்றாலும் அம்மா கடைசியாகத்தான் இறங்குவா. இறங்கியதும் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணுவா. பதினொன்று வந்தால்தான் உட்காருவா. பத்து என்றால் மறுபடி மேலே ஏறுவா, அதட்டினாலும் கேட்கமாட்டா.

ஒருநாள் இரவு பன்னிரண்டு வந்தது. அம்மா திரும்ப எண்ணினா, பன்னிரண்டுதான். "ஆர்ரா கூட?" என்று கேட்டா. மூலையிலிருந்து பதில் வந்தது: "நான்தான் பெத்தா, மீன்காரன்." சைக்கிளில் போனவர், ஷெல் சத்தத்துக்கு எட்டின பங்கருக்குள் குதித்திருக்கிறார். அன்றிலிருந்து அம்மாவின் கணக்குப் பன்னிரண்டாகிவிட்டது. மீன்காரன் பத்திரமாகத் தன் ஊருக்குப் போனபிறகும், அடுத்த ஷெல்லடிக்கு அம்மா பதினொரு தலையைத் தொட்டுவிட்டு, "மற்றவன் எங்க?" என்று எங்களைப் பாடாய்ப் படுத்தினா.

அவர் இப்போது மோட்டார் சைக்கிள்காரர், பின்னால் ஐஸ் பெட்டி. எங்கள் தெருவுக்குள் வந்தால் ஹோன் அடிப்பதில்லை. "பெத்தா, பன்னிரண்டாவது ஆள் வந்திருக்கன்!" என்று கூப்பிடுவார். எண்பதைத் தாண்டிய அம்மா பொல்லூன்றிப் போய், செவுளைத் தூக்கிப் பார்த்து, நேற்றைய மீன் என்று குறை சொல்லுவா. அவர் இன்று காலையில் பிடித்தது என்று சத்தியம் பண்ணுவார். விலையில் மட்டும் ஒரு ரூபாயும் குறைக்கமாட்டார்.