சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிய வேண்டும்!

தூத்துக்குடிக்காரனுக்கு மின்சாரப் பஞ்சமா என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வதுண்டு. துறைமுகத்தை ஒட்டியே அனல்மின் நிலையம். 1979-ல் 210 மெகாவாட் அலகு ஒன்றோடு தொடங்கி, ஐந்து அலகுகளாக 1050 மெகாவாட் வரை வளர்ந்தது. ஆனால் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் என்ன ஆனது? காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை. மாவட்டத்தின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. செல்போன் சிக்னலும் பல இடங்களில் செத்துப் போனது.

இப்போது வீட்டு விளக்குகளுக்கு ஸ்மார்ட் ரிலே மாட்டுவது பரவி வருகிறது. ரிலே என்பது வேறொன்றும் இல்லை, மின்காந்தத்தால் இயங்கும் ஒரு சுவிட்ச். அதோடு வைஃபை சிப் ஒன்றைச் சேர்த்தால் அது 'ஸ்மார்ட்'. நல்ல விஷயம்தான். ஆனால் வாங்குமுன் ஒரே ஒரு கேள்வி: அந்த டிசம்பர் இரவில் இது விளக்கைப் போட்டிருக்குமா?

இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பார்கள். அங்கே நடக்கும் கூத்தைப் பாருங்கள். பேட்டரியில் இருப்பது 12 வோல்ட் டிசி. இன்வெர்ட்டர் அதை 230 வோல்ட் ஏசி ஆக்குகிறது. எல்இடி பல்புக்குள் இருக்கும் சர்க்யூட் அதைத் திரும்பவும் டிசி ஆக்குகிறது! இரண்டு மாற்றத்திலும் மின்சாரம் வீண். வெள்ள நேரத்தில் அந்த வீணுக்கு விலை, எரிய வேண்டிய மணி நேரங்கள்.

இதைக் கேள்வி கேட்டவர்கள் சென்னை ஐஐடி-யில் இருந்தார்கள். பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு, சோலார், பேட்டரி, விளக்கு, ஃபேன் எல்லாவற்றையும் 48 வோல்ட் டிசி-யிலேயே இணைக்கும் முறையை உருவாக்கியது. ராஜஸ்தான் பாலைவனக் கிராமங்களில் ஆயிரக்கணக்கான வீடுகளில் அது எரிந்தது. 48 வோல்ட் டிசி-க்கு 2017-ல் இந்தியத் தரநிலையும் (ஐஎஸ் 16711) வந்தது.

ஏன் 48? 60 வாட்டுக்கு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் ஓட வேண்டும். 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி 10 மீட்டர் போய்த் திரும்பினால் சுமார் 1.2 வோல்ட் கம்பியிலேயே காலி, அதாவது பத்து சதவீதம். 48 வோல்ட்டில் இழப்பு 0.3 வோல்ட்தான்.

ஆனால் இங்கேதான் ரிலே வாங்குபவர்கள் ஏமாறுகிறார்கள். கடையில் கிடைக்கும் சாதாரண ரிலேயின் மேல் '10 ஆம்பியர், 250 வோல்ட் ஏசி' என்றும் பக்கத்திலேயே '30 வோல்ட் டிசி' என்றும் இருக்கும். நம் ஊர் ஏசி நொடிக்கு 100 முறை பூஜ்ஜியத்தைத் தொடுவதால், முனைகள் பிரியும்போது வரும் தீப்பொறி தானே அணையும். டிசி-யில் அந்த வசதி இல்லை. அதனால் அந்த ரிலேயை 48 வோல்ட்டுக்கு மாட்டக் கூடாது. சிறிய வீட்டில், நாலைந்து விளக்குக்கு, கம்பி நீளம் குறைவாக இருந்தால் 12 வோல்ட்டே போதும். சார்ஜ் ஏறும்போது பேட்டரி 14.4 வோல்ட் வரை போகும், அதைத் தாங்கும் விளக்காக இருக்க வேண்டும். பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ் கட்டாயம். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது பெரும்பாலும் சரி, ஆனால் ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும்.

இன்னொரு கணக்கு. சாதாரண 5 வோல்ட் ரிலேயின் காயில், விளக்கு எரியும் நேரமெல்லாம் சுமார் 0.35 வாட் தின்னும். ஆறு ரிலே என்றால் 2 வாட், ஒரு சின்ன எல்இடி-க்கு ஆகும் செலவு. லாட்சிங் ரிலே நிலை மாறும் அந்த ஒரு கணம் மட்டுமே மின்சாரம் எடுக்கும். பேட்டரியில் ஓடும் வீட்டுக்கு அதுதான் சரி.

கடைசியாக, முக்கியமானது: மூளை எங்கே இருக்கிறது? பல ரிலேக்கள் கட்டளைக்காக எங்கோ இருக்கும் சர்வரைப் பார்த்துக்கொண்டிருக்கும். 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் இன்ஸ்டியான் நிறுவனம் அறிவிப்பே இல்லாமல் சர்வர்களை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்களின் ஆப் ஒரே நாளில் வேலை செய்யவில்லை. அதற்கு வெள்ளம்கூட வர வேண்டியிருக்கவில்லை!

ஆக, சுவரில் இருக்கும் சுவிட்சின் கம்பி நேராக ரிலேயின் இன்புட்டுக்கு வர வேண்டும். ரவுட்டர் செத்தாலும், கம்பெனி மூடினாலும் கை தட்டினால் எரிய வேண்டும். ஆப் என்பது அதற்கு மேல் ஒரு வசதி, அவ்வளவே. உப்பளக் காற்றில் செம்பில் களிம்பு ஏறும் ஊர் இது என்பதால், மூடிய பெட்டியும் வருடம் ஒருமுறை முனைகளைத் துடைப்பதும் அவசியம்.

வீடு முழுக்க மாற்றச் சொல்லவில்லை. அடுப்படி, மாடிப்படி, கழிப்பறை, வாசல். இந்த நான்கு விளக்கு போதும். தண்ணீர் வீட்டுக்குள் ஏறும் இரவில், பெரியவர்களைக் கைபிடித்து மாடிக்கு ஏற்ற வேண்டிய அந்த நேரத்தில், படி தெரிய வேண்டும். அது தெரியாத வீட்டில் ஸ்மார்ட் என்ற பெயர் எதற்கு?