எட்டு மணி நேரத்து ஊர்

ஜூனோவில் நாங்கள் இறங்கிய காலையில் ஐந்து கப்பல்கள் வந்திருந்தன. நான்கு துறையில் கட்டியிருந்தன. ஐந்தாவது சற்றுத் தள்ளி நங்கூரம் போட்டு நின்று, படகு படகாக ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது. எங்கள் கப்பலின் பன்னிரண்டாம் தட்டிலிருந்து எட்டிப் பார்த்தேன். ஊரின் கூரைகள் கண்ணுக்குக் கீழே கிடந்தன. அலாஸ்கா மாநிலத்தின் தலைநகரம் அது. ஏறத்தாழ 32 ஆயிரம் பேர் வாழ்கிறார்கள். வெளியிலிருந்து அந்த ஊருக்குச் சாலை கிடையாது. கடல் வழியாகவோ வான் வழியாகவோதான் போக முடியும். அப்படிப்பட்ட ஊருக்குள் ஒரே காலைப்பொழுதில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறங்கினோம். இரவுக்குள் அத்தனை பேரும் போய்விட்டோம்.

நான் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகள் குடும்பம் சியாட்டில் பக்கம் இருக்கிறது. ஆறு மாதம் தங்கிவர அமெரிக்கா போகும் நம் ஊர்ப் பெற்றோரை நயாகராவுக்கும் அலாஸ்கா கப்பலுக்கும் அழைத்துப்போவது இப்போது வழக்கமாகிவிட்டது. 2025 ஆகஸ்ட் கடைசியில் நானும் என் மனைவியும் மகள் குடும்பத்தோடு அப்படிப் போனோம். சியாட்டிலில் ஏறி, ஜூனோ, ஸ்காக்வே, ஹூனா, கனடாவின் விக்டோரியா ஆகிய இடங்களில் நின்று, ஏழு இரவுகள் கழித்துத் திரும்பும் பயணம்.

ஊர் திரும்பியதிலிருந்து பார்ப்பவர்கள் எல்லாரும் கப்பல் சாப்பாட்டைப் பற்றியே கேட்கிறார்கள். சாப்பாடு நன்றாகவே இருந்தது. ஆனால் எனக்குச் சொல்ல இருப்பது கரையைப் பற்றி. கப்பல் நிற்கும் ஊரில் எத்தனை பேர் இறங்கலாம், இறங்கியவர்களுக்கு எதைக் காட்டுவது, அவர்கள் செலவழிக்கும் காசு யார் கைக்குப் போவது, இவற்றை அந்த ஊர் மக்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நம் அரசும் சொகுசுக் கப்பல்களை வரவேற்கத் தயாராகிக்கொண்டிருக்கும் நேரம் இது. ஏழு நாள் நேரில் பார்த்துவிட்டு இதைச் சொல்லாமல் இருக்க மனம் கேட்கவில்லை.

கப்பலில் ஏறியவுடன் முதல் வேலை, ஆபத்து வந்தால் எங்கே கூட வேண்டும் என்று காட்டும் பயிற்சி. 2012இல் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்தபோது, அன்றுதான் ஏறியிருந்த பயணிகள் பலருக்கு அந்தப் பயிற்சி நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு, கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ அதை நடத்தியாக வேண்டும் என்று உலக அளவில் விதியை மாற்றினார்கள். ரயில்வேயில் இருந்தவனுக்கு இது பழகிய கதை. எங்களிடமும் பல விதிகள் ஒரு விபத்துக்குப் பிறகு எழுதப்பட்டவைதான்.

எங்கள் அறையைச் சுத்தம் செய்த பையனின் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்ததுமே என் மனைவி தமிழில் கேட்டுவிட்டாள்.

“எந்த ஊருப்பா?”

“தூத்துக்குடிம்மா.” அதுவரை ஆங்கிலத்தில் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்த முகமே மாறிவிட்டது.

எட்டு மாத ஒப்பந்தம். வாரத்தில் ஏழு நாளும் வேலை. முழு விடுமுறை என்று ஒரு நாள் இல்லை. கடல்சார் தொழிலாளர்களுக்கான 2006ஆம் ஆண்டு உலக உடன்படிக்கையே நாளைக்கு 14 மணி நேரம் வரை வேலை வாங்க இடம் தருகிறது. மே மாதத்திலிருந்து வாரா வாரம் ஜூனோவுக்கு வந்துபோகிறார். “பனியாறு பாத்தியாப்பா?” என்று என் மனைவி கேட்டாள். “இன்னும் இல்லம்மா. ரெண்டு மணி நேரம் விடுவாங்க. அதுல வீட்டுக்குப் பேசிட்டு, சோப்பு பேஸ்ட் வாங்கிட்டு வந்துருவேன்.” கப்பலில் இணையத்துக்குத் தனிக் காசு. அதனால் கரையில் இறங்கித்தான் பேசுவார்களாம். ஜூனோவில் காலை பத்து மணி என்றால் தூத்துக்குடியில் இரவு பதினொன்றரை. “அம்மா முழிச்சிருப்பாங்க” என்றார்.

ஜூனோவின் பொது நூலகம் துறைமுகத்தை ஒட்டியிருக்கும் கார் நிறுத்தக் கட்டடத்தின் உச்சியில் இருக்கிறது. அன்று பகலில் அங்கே ஏறிப் பார்த்தேன். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, நம் நாடு என்று பல முகங்கள், கைப்பேசியைக் கண்ணருகே பிடித்தபடி ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரையும் எழுப்பிவிடவில்லை. ஊர்க்காரர்களின் வரிப்பணத்தில் நடக்கும் நூலகம் அது. அந்த ஊர் செய்கிற இந்த உபகாரம் எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் இல்லை.

கையேட்டில் இருந்தவை வேறு. கப்பலில் எங்களுக்குத் தந்த வரைபடத்தில் பனியாறும் நூலகமும் மங்கலாகவும் நகைக்கடைகள் பளிச்சென்றும் இருந்தன. இப்படிக் கடைகளைச் சிபாரிசு செய்யக் காசு வாங்கினால் அதைப் பயணிகளிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று அலாஸ்காவில் சட்டமே இருக்கிறது. சட்டம் தேவைப்படும் அளவுக்கு அந்த வழக்கம் வேரூன்றியிருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம். ஃபிராங்க்ளின் தெருவில் ஒரு நகைக்கடையில் நுழைந்தோம். இந்தியில் வரவேற்ற இளைஞர் கோடையில் இங்கேயும் குளிர்காலத்தில் கரீபியன் தீவுகளிலுமாக வேலை பார்ப்பவர். கப்பல்கள் தெற்கே போகும்போது கடையும் கூடவே போய்விடும். அக்டோபரில் வந்தால் இந்தத் தெருவில் பல கதவுகள் மூடிக் கிடக்கும் என்றார். வந்து நின்று சம்பாதித்துவிட்டுப் போகும் கடைத்தெருவை ஊரின் கடைத்தெரு என்று எப்படிச் சொல்வது?

ஷோர் எக்ஸ்கர்ஷன் என்று கப்பலில் விற்கிறார்களே, அந்தக் கரைச் சுற்றுலாவின் சூட்சுமம் பயத்தில் இருக்கிறது. கப்பல் வழியாகச் சீட்டு வாங்கினால் பேருந்து தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும். வெளியே நீங்களாக ஏற்பாடு செய்துகொண்டால் காத்திருக்காது. இந்த ஒரு வரிக்குப் பயந்து பெரும்பாலானவர்கள் கப்பலிலேயே வாங்குகிறார்கள், அந்தக் காசில் ஒரு பங்கு கரைக்கு வராமலே நின்றுவிடுகிறது. நாங்கள் துறைமுகத்து வாசலில் உள்ளூர்க்காரர் ஓட்டும் பேருந்தில் ஏறி மெண்டன்ஹால் பனியாற்றுக்குப் போனோம். போகும் வழியெல்லாம் ஓட்டுநர் பேசிக்கொண்டே வந்தார். நாங்கள் பார்க்கப் போகும் ஏரி அவருடைய பாட்டன் காலத்தில் கிடையாது, முழுக்கப் பனிதான் என்றார். அந்தப் பனிப் பரப்பின் மேல்புறத்தில் ஒரு பள்ளத்தில் தேங்கும் நீர் 2011 முதல் கோடைகளில் உடைத்துக்கொண்டு வருகிறது. 2023இல் ஆற்றங்கரை வீடு ஒன்று சரிந்து நீரோடு போனது. 2024இல் நூற்றுக்கணக்கான வீடுகளுக்குள் தண்ணீர். நாங்கள் போவதற்கு இரண்டு வாரம் முன்பும் வெள்ளம் வந்து, தடுப்புகள்தான் ஊரைக் காத்திருந்தன. நாங்கள் நின்று படம் எடுத்த அந்த நீல நிறப் பனிக்கு நாளெல்லாம் பக்கத்தில் இருப்பவர்கள் ஜூனோ மக்கள். காசு கொடுத்து இந்தப் பேச்சை வாங்க முடியாது. குறித்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே திரும்பியும்விட்டோம்.

ஸ்காக்வேயில் நான் வேறு எங்கும் போகவில்லை. ரயிலுக்காகவே அந்த ஊருக்குக் காத்திருந்தேன். குளோண்டைக் தங்க வேட்டைக்காக 1898இல் தொடங்கி 1900இல் முடித்த பாதை, ஒயிட் பாஸ் அண்ட் யூக்கான். மூன்றடி அகலக் குறும்பாதை. கடல் மட்டத்தில் கிளம்பி 20 மைலுக்குள் 2,865 அடி ஏறுகிறது. நீலகிரி மலை ரயில் எஞ்சின்களைப் பழுதுபார்த்த, புதிதாகவும் கட்டிக் கொடுத்த பணிமனை எங்களுடையது. நீலகிரியில் பன்னிரண்டுக்கு ஒன்று என்று ஏற்றம் இருப்பதால் பற்சக்கரம் வைத்து ஏறுகிறோம். இவர்களுக்கு ஏறத்தாழ இருபத்தாறுக்கு ஒன்று. பற்சக்கரம் இல்லாமல் இரும்புச் சக்கரத்தின் பிடியை மட்டும் நம்பி ஏறுகிறார்கள். வளைவுகளில் தண்டவாளம் போடும் நெஞ்சுரம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். பாதையோரம் ஒரு பெரும்பாறையின் மேல் கறுப்புச் சிலுவை நிற்கிறது. வெடி வைத்தபோது சரிந்த நூறு டன் பாறைக்கு அடியில் இரண்டு தொழிலாளர்கள் புதைந்துபோன இடம். ரயில் அதைக் கடக்க அரை நிமிடம் ஆனது. நான் எழுந்து நின்றேன். என் மனைவியும் காரணம் கேட்காமல் கூட எழுந்தாள்.

அந்த ஊரில் நிரந்தரமாக வாழ்பவர்கள் 1,200 பேர்தான். கோடையில் ஒரே நாளில் பத்தாயிரம் பேர் இறங்குவதும் உண்டு. ரயில் கப்பலுக்குப் பக்கத்திலேயே வந்து ஆளை ஏற்றி, மலையுச்சி வரை போய், அதே இடத்தில் இறக்கிவிடுகிறது. எங்கள் பெட்டியில் இருந்தவர்களில் பாதிப் பேர் ஊருக்குள் கால் வைக்கவே இல்லை. 2018இல் இந்த ரயில் நிறுவனத்தை வாங்கிய கூட்டில் கார்னிவல் என்ற கப்பல் நிறுவனமும் உண்டு. கப்பலும் அவர்களுடையது, கரையில் ஓடும் ரயிலிலும் அவர்களுக்குப் பங்கு என்றால், இடையில் நிற்கும் ஊருக்கு என்ன மிச்சம்?

இதற்கு மறுபக்கத்தை ஹூனாவில் பார்த்தேன். சுமார் 900 பேர் வாழும் டிளிங்கிட் பழங்குடி மக்களின் ஊர். அலாஸ்கா பழங்குடியினரின் நில உரிமைக்காக 1971இல் வந்த சட்டத்தால் அவர்களுக்கென்று நிறுவனங்கள் உருவாயின. அப்படி உருவான ஹூனா டோட்டம் நிறுவனத்துக்கு அந்த மக்களே பங்குதாரர்கள். 1912இல் கட்டி, பின்னர் ஓய்ந்து கிடந்த சால்மன் மீன் டப்பாத் தொழிற்சாலையை அவர்கள் வாங்கி, 2004 முதல் கப்பல் நிற்கும் இடமாக நடத்துகிறார்கள். பழைய இயந்திரங்கள் அங்கேயே அப்படியே நிற்கின்றன. மீனைத் துண்டு போட்டு டப்பாவில் அடைக்கும் வரிசையை ஓர் அம்மா விளக்கினார். அவருடைய தாத்தா அதே வரிசையில் நின்று வேலை பார்த்தவராம். ஒரு இயந்திரத்தின் பிடியை அவர் தொட்ட விதத்தில், பணிமனையில் என் அப்பா வைத்துவிட்டுப்போன சுத்தியலை நான் தொட்ட ஞாபகம் வந்தது.

முன்னோரின் கிராமம் கிளேசியர் பே என்னும் இடத்தில் இருந்தது, பனியாறு முன்னேறி வந்து அதை விழுங்கியதால் இங்கே வந்து குடியேறினோம் என்று அவர்கள் ஆடிப் பாடிச் சொன்னார்கள். எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் காப்பது என்ற முடிவு அவர்களிடம் இருந்தது. ஓர் ஆட்டத்தைப் படம் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டபோது அரங்கமே கைப்பேசியைக் கீழே வைத்தது. நான் சுற்றிவந்தவரை அங்கே நகைக்கடை கண்ணில் படவில்லை. அங்கேயும் இரண்டாவது துறை கட்டிக் கூட்டம் பெருகியிருக்கிறது; அதன் சிரமம் அவர்களுக்கும் உண்டு. ஆனாலும் கூட்டத்தைப் பெருக்குவதா குறைப்பதா என்று பேச அவர்களுக்குச் சொந்த மேசை இருக்கிறது.

ஜூனோ மக்களும் அந்த மேசையைப் போராடிப் பெற்றிருக்கிறார்கள். ஆண்டுக்குப் பதினாறு லட்சத்துக்கும் மேல் கப்பல் பயணிகள் என்று கூட்டம் பெருகியபோது, நகராட்சி கப்பல் நிறுவனங்களோடு உட்கார்ந்து, நாளைக்கு ஐந்து பெரிய கப்பல்களுக்கு மேல் வேண்டாம் என்று 2024 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2026 முதல் நாளைக்கு 16 ஆயிரம் பயணிகள், சனிக்கிழமைகளில் 12 ஆயிரம் என்று உச்ச வரம்பு. சனிக்கிழமை கப்பலே வேண்டாம் என்ற கோரிக்கையை 2024 அக்டோபரில் வாக்கெடுப்புக்கு விட்டார்கள். அது தோற்றது. தோற்றாலும், ஊர் மக்களைக் கேட்டார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

விக்டோரியாவைப் பற்றி ஒன்று மட்டும். வெளிநாட்டுக் கொடி கட்டிய கப்பல் அமெரிக்கத் துறையில் பயணிகளை ஏற்றிச் சுற்றிக்காட்டி அங்கேயே இறக்க வேண்டுமானால், நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறையில் நின்றாக வேண்டும். 1886ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவு. அதற்காகவே மாலையில் சில மணி நேரம் நின்று, இரவில் கிளம்பிவிட்டோம். அந்தச் சில மணி நேரத்துக்காக நானும் என் மனைவியும் கனடா விசா வாங்கியிருந்தோம். அழகான நகரம். நாங்கள் பார்த்தது அதன் தெருவிளக்குகளை.

நம் நாட்டில் 2024 செப்டம்பரில் ‘குரூஸ் பாரத்’ இயக்கத்தைத் தொடங்கினார்கள். கடல்வழிச் சொகுசுக் கப்பல் பயணிகளின் எண்ணிக்கையை 2029க்குள் பத்து லட்சமாக்குவது இலக்கு. 2023இலேயே சென்னையிலிருந்து கப்பல் கிளம்பி இலங்கையில் காங்கேசன்துறை வரை போய் நின்றிருக்கிறது. முனையம், துறை, வரிச்சலுகை என்று பேசுகிறார்கள். கரையில் இருப்பவர்களைப் பற்றி யார் பேசுகிறார்கள்? சென்னையில் நிற்கும் வெளிநாட்டுக் கப்பலிலிருந்து இறங்குபவர்களை மாமல்லபுரத்துக்குத்தான் அழைத்துப்போகிறோம். ஒரே நாளில் எத்தனை பேருந்துகளை அந்த ஊர் தாங்கும் என்று அங்கே வாழும் மக்களைக் கேட்க வேண்டும், கப்பல் அட்டவணை போடுவதற்கு முன்னால். கல்தச்சர்களின் கூட்டுறவுக்கும் ஆட்டோ ஓட்டுபவர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் முனையத்துக்குள்ளேயே இடம் ஒதுக்க வேண்டும். சீட்டு விலையில் எவ்வளவு ஊருக்குப் போகிறது என்று சீட்டிலேயே அச்சிடச் சொல்ல வேண்டும். கப்பலில் வேலை பார்க்கும் தொழிலாளிகள் இறங்கி வந்து வீட்டுக்குப் பேச, காசு கேட்காத ஓர் அறையாவது வேண்டும்.

ஹூனாவில் என் மனைவி ஒரு சிறிய மரத் துடுப்பு வாங்கினாள். ஒரு முழம் நீளம், சிவப்பும் கறுப்புமாக அண்டங்காக்கையின் உருவம். செதுக்கியவர் பின்புறத்தில் தன் பெயரையும் குலத்தையும் எழுதிக் கொடுத்தார். பொன்மலை வீட்டுக் கூடத்தில் அதை மாட்டியிருக்கிறோம். அதற்குக் கீழே அலமாரியில் மாமல்லபுரத்தில் வாங்கிய கல் பிள்ளையார், இருபது வருடமாக இருக்கிறார். அவரைச் செதுக்கியவர் யார் என்று கடையில் நாங்கள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அடுத்த மாதம் போய்க் கேட்கலாம் என்கிறாள்.