பாஸ்போர்ட்: உரிமையா? தரகன் போடும் பிச்சையா?



காயல்பட்டினம், கீழக்கரை, தொண்டி, அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, நாகூர் என்று கடலோரம் நெடுகப் போய்ப் பாருங்கள். பாஸ்போர்ட் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிய பாட்டன் காலம் தொட்டு, துபாய்க்கும் ரியாத்துக்கும் விமானம் ஏறும் பேரன் காலம் வரை, கடல் கடந்து உழைத்துத்தான் நம் வீட்டு அடுப்புகள் எரிந்தன. நம் பள்ளிவாசல்களும் பள்ளிக்கூடங்களும் எழும்பின. அப்படிப்பட்ட சமுதாயத்துக்கு ஒரு பாஸ்போர்ட்டைச் சொந்தமாக எடுக்கத் தெரியாது என்றால் யாராவது நம்புவார்களா? ஆனால் அதுதானே உண்மை!

"பாஸ்போர்ட் எடுக்கணும்" என்றதும் நம் பிள்ளை எங்கே ஓடுகிறான்? கடைத்தெருவில் டிராவல்ஸ் பலகை மாட்டியிருக்கும் கடைக்கு. "ஐயாயிரம் ஆகும் பாய், எல்லாத்தையும் நான் பாத்துக்கிறேன்" என்கிறார் தரகர். வாப்பா மறுபேச்சில்லாமல் எண்ணிக் கொடுக்கிறார். எதற்கு ஐயாயிரம் என்று எவரும் கேட்பதில்லை. மீன் வாங்கும்போது பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிற நாம், இங்கே மட்டும் வாய் மூடி நிற்கிறோமே, ஏன்?

கணக்கைக் கேளுங்கள்

2012-இல் அரசு நிர்ணயித்த கட்டணம் இது: 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய். 60 பக்கத்துக்கு 2,000 ரூபாய். சிறுவர்களுக்கு 1,000 ரூபாய். அவசரமாக வேண்டும் என்று தட்கலில் போட்டால் கூடுதலாக 2,000 ரூபாய். புதிதாக எடுக்கும் 8 வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் 60 வயது தாண்டிய பெரியவருக்கும் பத்து சதவீதத் தள்ளுபடியும் பின்னர் வந்தது. இதற்கு மேல் நீங்கள் கொடுத்த ஒவ்வொரு ரூபாயும் யார் பைக்குப் போனது?

சரி, அந்தப் பணத்துக்குத் தரகர் என்னதான் செய்கிறார்? கணினியில் விண்ணப்பத்தை நிரப்புகிறார். கட்டணத்தைக் கட்டித் தேதி வாங்குகிறார். அவ்வளவுதான்! அதன்பிறகு சேவை மையத்துக்குப் போக வேண்டியவர் நீங்கள். ஏ கவுண்ட்டரில் உங்களைத்தான் போட்டோ எடுப்பார்கள், உங்கள் கைரேகையைத்தான் பதிவு செய்வார்கள். பி, சி கவுண்ட்டர்களில் அரசு அதிகாரிகள் உங்களைத்தான் கேட்பார்கள். உள்ளே தரகருக்கு என்ன வேலை? வாசல் வரைதான் அவருடைய 'செல்வாக்கு'. ஆனாலும் "உள்ளே நமக்கு ஆள் இருக்கு" என்று அவர் சொல்கிறார்; நாமும் தலையாட்டுகிறோம்!

பட்டப்படிப்பு படித்த இளைஞனே, உன்னிடம் ஒரு கேள்வி. கைப்பேசியில் ரயில் டிக்கெட் எடுக்கிறாய். நாள் முழுதும் வீடியோ பார்க்கிறாய். அதே கைப்பேசியில் அரசின் பாஸ்போர்ட் சேவா செயலியும் இருக்கிறதே, அதைத் திறக்க மட்டும் உன் விரல் மறுப்பது ஏன்? ஒரே எச்சரிக்கை: அரசு இணையதளத்தின் முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்றுதான் முடியும். வேறு விதமாக முடிந்து கூடுதல் பணம் கேட்டால் அது போலி.

தூரத்தைக் காட்டிப் பயமுறுத்தினால் அதையும் நம்பாதீர்கள். 2007-இல் மதுரையில் அலுவலகம் வரும் வரை தென்மாவட்ட மக்கள் திருச்சிக்கு அலைந்தது உண்மை. அந்தக் காலம் போய்விட்டது. சென்னை, திருச்சி, மதுரை, கோவை வட்டார அலுவலகங்களின் கீழ் தஞ்சாவூரிலும் திருநெல்வேலியிலும் சேவை மையங்கள் வந்தன. 2017 முதல் அஞ்சலகங்களிலும் மையங்கள் திறக்கப்பட்டன. 2018 முதல் நாட்டின் எந்த மையத்திலும் விண்ணப்பிக்கலாம். சென்னையில் கடை வைத்திருப்பவர் இதற்காகக் கடையைப் பூட்டிவிட்டு ஊருக்கு ஓட வேண்டியதில்லை. ஆனால் உண்மையில் குடியிருக்கும் முகவரியைக் கொடுங்கள். போலீஸ் விசாரணை அங்கேதான் நடக்கும்.

யாருடைய உரிமை?

வணிகப் பெருமக்களே! பாஸ்போர்ட் உரிமையை இந்த நாட்டில் வாங்கித் தந்தவரே ஒரு வணிகர்தான், தெரியுமா? மோட்டார் உதிரிபாகத் தொழில் செய்த சத்வந்த் சிங் சாஹ்னியிடம் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடு என்றது அரசு. அவர் பணியவில்லை, நீதிமன்றம் போனார். வெளிநாடு செல்வது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு காக்கும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று 1967 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதுவரை அரசின் தயவாக இருந்த ஒன்று அன்று உரிமையானது. அந்தத் தீர்ப்பின் விளைவாகவே அதே ஆண்டில் பாஸ்போர்ட் சட்டம் வந்தது.

அந்தச் சட்டம் சொல்வதைக் கேளுங்கள். பாஸ்போர்ட் தர மறுத்தால் அதிகாரி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். நீங்கள் கேட்டால் அதன் நகலைத் தர வேண்டும். இது 5-ஆவது பிரிவு. அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம். இது 11-ஆவது பிரிவு. விண்ணப்பம் காரணமில்லாமல் கிடப்பில் கிடந்தால் 2005-இன் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

2018 ஜூனில் லக்னோவில் நடந்ததை மறந்துவிட்டோமா? வெவ்வேறு மதத்தைச் சேர்ந்த கணவன் மனைவி பாஸ்போர்ட்டுக்குப் போனார்கள். மனைவியைப் பெயர் மாற்றச் சொன்னார், கணவரை மதம் மாறச் சொன்னார் என்று அதிகாரி மீது புகார் எழுந்தது. அவர் மறுத்தார். ஆனால் அந்தத் தம்பதி அழுதுகொண்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. வெளியே வந்து பகிரங்கமாகக் கேட்டார்கள். மறுநாள் பாஸ்போர்ட் கைக்கு வந்தது. அதிகாரி இடம் மாற்றப்பட்டார். நியாயம் தானாக வந்து கதவைத் தட்டாது. கேட்டால்தான் கிடைக்கும்.

'டீ செலவு' என்னும் லஞ்சம்

விசாரணைக்குப் போலீஸ் வந்ததும் கையில் ஐந்நூறு ரூபாயைத் திணிப்பது நம் ஊர்களில் சடங்காகிவிட்டது. கேட்காதவருக்கும் நாமே கொடுத்துப் பழக்குகிறோம். லஞ்சம் வாங்குவதும் கொடுப்பதும் ஹராம் என்று தெரியாதவர் நம்மில் உண்டா? அதற்கு 'டீ செலவு' என்று பெயர் வைத்தால் ஹலாலாகிவிடுமா?

இந்த விசாரணைக்காக மாநிலக் காவல்துறைக்கு வெளியுறவு அமைச்சகமே பணம் கொடுக்கிறது. 21 நாளுக்குள் அறிக்கை அனுப்பினால் விண்ணப்பத்துக்கு 150 ரூபாய், தாமதமானால் 50 ரூபாய் என்று விதியே வைத்தார்கள். அந்தப் பணம் நீங்கள் கட்டிய கட்டணத்தில் அடக்கம். பிறகெதற்கு இரண்டாவது கட்டணம்? 2018-இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டப்படி லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளிதான். கட்டாயப்படுத்திப் பறித்தால் 7 நாளுக்குள் புகார் செய்பவருக்கு மட்டுமே அதிலிருந்து விலக்கு. லஞ்ச ஒழிப்புத் துறையின் கதவு நமக்கும் சேர்த்துத்தான் திறந்திருக்கிறது.

பொய்யில் கட்டிய பாஸ்போர்ட்

தரகரால் போகும் பணத்தைவிடப் பெரிய ஆபத்து அவர் எழுதும் பொய். பத்தாம் வகுப்பு தேறாதவருக்கு இ.சி.ஆர். பாஸ்போர்ட் வரும், வளைகுடா நாடுகளில் வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும். அதைத் தவிர்க்கப் போலிச் சான்றிதழை வைக்கிறார். வயதைக் கூட்டுகிறார், குறைக்கிறார். முகவரியை மாற்றுகிறார். கையெழுத்துப் போடுவது யார்? நீங்கள்! பொய்த் தகவல் தந்தாலும் உண்மையை மறைத்தாலும் பாஸ்போர்ட் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறை. பாஸ்போர்ட்டும் முடக்கப்படும். சிறைக்குப் போகும் நாளில் தரகர் வந்து நிற்பாரா?

இத்தனைக்கும் பொய்க்குத் தேவையே இல்லை. 2016 டிசம்பரில் விதிகளைத் தளர்த்தினார்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர் பள்ளி மாற்றுச் சான்றிதழ், பான், ஆதார், வாக்காளர் அட்டை போன்றவற்றைக் காட்டலாம். திருமணச் சான்றிதழ் வேண்டாம். உறுதிமொழிகளை வெள்ளைத் தாளில் நீங்களே எழுதிக் கையெழுத்திட்டால் போதும். நோட்டரி முத்திரை வேண்டாம். அப்படியிருந்தும் நோட்டரி பெயரைச் சொல்லிப் பணம் வாங்கும் தரகர்கள் இருக்கிறார்கள் என்றால் குற்றம் அவர்களுடையது மட்டுமா? கேட்டுத் தெரிந்துகொள்ளாத நம்முடையதும்தான்!

ஆனால் 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே பிறந்த தேதிக்கு ஆதாரம் என்று 2025-இல் விதி வந்துவிட்டது. குழந்தையின் பெயரையும் சேர்த்துப் பதிந்து வையுங்கள்.

பெயர் விஷயத்தில்தான் நம் அலட்சியம் உச்சம். 'முகம்மது' என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் பள்ளிக்கூடத்தில் ஒரு விதம், ரேஷன் அட்டையில் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம் எழுதி வைத்திருக்கிறோம். பிறகு ஒவ்வொன்றையும் திருத்த அலைகிறோம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் விட மறுத்தபோது எத்தனை பேர் பதறினோம்! குழந்தைக்குப் பெயர் வைக்கும் நாளிலேயே எழுத்தை முடிவு செய்யுங்கள். எல்லா ஆவணத்திலும் அதே எழுத்து இருக்கட்டும்.

வழக்கு இருந்தால் வாழ்வே முடிந்ததா?

போராட்டத்தில் கலந்துகொண்டதற்காக வழக்குப் பதிவான இளைஞர்கள் ஊர்தோறும் இருக்கிறார்கள். "உனக்குப் பாஸ்போர்ட் கிடைக்காது" என்று யாரோ சொல்ல, நம்பி முடங்கிக் கிடக்கிறார்கள். தம்பி, கேள்! எஃப்.ஐ.ஆர். பதிவாகி விசாரணையில் இருப்பது மட்டுமே பாஸ்போர்ட்டை மறுக்கக் காரணமாகாது. நீதிமன்றம் வழக்கைக் கோப்புக்கு எடுத்திருந்தால்தான் அது நிலுவை வழக்கு. 2019 அக்டோபர் 10-ஆம் தேதிய வெளியுறவு அமைச்சகச் சுற்றறிக்கை இதைத் தெளிவாகச் சொன்னது. நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தாலும் அந்த நீதிமன்றத்தின் அனுமதி பெற்றுப் பாஸ்போர்ட் எடுக்க 1993 ஆகஸ்ட் 25 அறிவிக்கை வழி செய்தது. ஒரு நல்ல வழக்கறிஞரைப் பார். விண்ணப்பத்தில் வழக்கை மறைக்காதே. மறைத்தால்தான் நீ குற்றவாளியாகிறாய்.

இன்னொன்று. பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து என்கிறது சட்டத்தின் 17-ஆவது பிரிவு. அதைக் கடனுக்கு ஈடாக வாங்கி வைக்கத் தரகருக்கோ முதலாளிக்கோ என்ன உரிமை? புலனாய்வுத் துறையேகூடப் பாஸ்போர்ட்டை முடக்கி வைத்துக்கொள்ள முடியாது, அந்த அதிகாரம் பாஸ்போர்ட் அதிகாரிக்குத்தான் என்று 2008-இல் சுரேஷ் நந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தொழிலாளியின் பாஸ்போர்ட்டைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் நம்மவர்களும் இதைப் படிக்கட்டும்!

பயணத்துக்கு மட்டுமல்ல

"நான் எங்கே போகப் போறேன், எனக்கெதுக்கு?" என்கிறார் உம்மா. 2009 முதல் ஹஜ்ஜுக்கே சர்வதேசப் பாஸ்போர்ட் கட்டாயமானது. ஹஜ் அறிவிப்பு வந்த பிறகு ஓடுவதா? அதைவிட முக்கியம்: 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் தொடங்கியது. தேர்தல் ஆணையம் ஏற்பதாக அறிவித்த ஆவணங்களில் பாஸ்போர்ட்டும் ஒன்று. ஆதார் குடியுரிமைக்குச் சான்றல்ல என்று ஆதார் சட்டமே சொல்கிறது. காகிதம் கேட்கும் காலம் இது. வெளிநாடு போகும் ஆணுக்கு மட்டும் பாஸ்போர்ட் எடுத்துவிட்டு, மனைவியையும் தாயையும் மகளையும் காகிதமில்லாமல் விட்டு வைப்பது எந்த வகை நியாயம்?

வணிகர்களே, உங்களுக்கும் ஒரு சொல். குவாங்சோவுக்குச் சரக்கெடுக்கப் போகும் நாளில் பாஸ்போர்ட்டைப் புரட்டி, ஆறு மாதம்கூட மீதமில்லை என்று தலையில் அடித்துக்கொள்ளாதீர்கள். முடியும் தேதிக்கு ஓராண்டு முன்பே புதுப்பிக்கலாம். முடிந்து மூன்று ஆண்டுக்கு மேல் போட்டு வைத்தால் மறுபடியும் போலீஸ் விசாரணைதான். அடிக்கடி பயணம் செய்பவர் 60 பக்கமே எடுங்கள்.

ஜமாஅத்தாரே, என்ன செய்யப் போகிறீர்கள்?

கந்தூரிக்கும் கல்யாணத்துக்கும் லட்சங்களை இறைக்க நமக்குத் தெரிகிறது. பள்ளிவாசல் வளாகத்தில் ஒரு கணினி, ஒரு பிரிண்டர் வைக்க முடியாதா? ஜும்ஆ முடிந்து இரண்டு மணி நேரம் உட்கார ஊருக்கு இரண்டு பட்டதாரிகள் கிடைக்க மாட்டார்களா? மஹல்லாவில் யார் யாருக்குப் பாஸ்போர்ட் இல்லை, யாருடையது இந்த ஆண்டு முடிகிறது என்று ஒரு பதிவேடு எழுதுங்கள். பெண்களுக்குத் தனி நாள் ஒதுக்குங்கள். மாற்று மதச் சகோதரர் வந்தாலும் சேர்த்தே எழுதிக் கொடுங்கள். தரகரிடம் ஏமாறுவதில் அவருக்கும் நமக்கும் பேதமில்லை.

இளைஞனே! அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் உன் தெருவில் ஒரே ஒருவருக்காவது நீயே விண்ணப்பம் போட்டுக் கொடு. ஒரு பைசா வாங்காதே. அவருக்குச் சொல்லிக் கொடு. அவர் இன்னொருவருக்குச் சொல்லட்டும். தெருவுக்கு ஒருவர் கற்றுக்கொண்டால் தரகர் கடையில் கூட்டம் தானாகக் கலையும்.

நம் கையில் இருக்கும் உரிமையை நாமே விலை கொடுத்து வாங்கும் இந்த அவலம் போதும்!