எண்ணம் போல் வாழ்வு என்கிறார்கள். எண்ணத்தை விதைத்தவர் யார்?



சில வாரங்களுக்கு முன்பு நம் வட்டாரத்துக் கோயில் மண்டபம் ஒன்றில் ஒரு சொற்பொழிவு கேட்டேன். வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் தோட்டங்களை விட்டு வெளியேறிச் சுங்கை பூலோ அடுக்குமாடி வீடுகளில் குடியேறிய நம் மக்கள். பேச வந்தவர் படித்தவர், நாவன்மை உடையவர். "எண்ணம் போல் வாழ்வு. உயர எண்ணியவன் உயர்கிறான். தாழ எண்ணியவன் தாழ்கிறான். தோட்டத்து மக்கள் முன்னேறாததற்கு அவர்களுடைய எண்ணமே காரணம்" என்று பேச்சை முடித்தார். மண்டபம் கைதட்டியது. எவரைக் குறை சொன்னாரோ, அவர்களே கைதட்டினார்கள்! என் பக்கத்தில் அமர்ந்திருந்த அம்மையார் ஒருவர், "சரியாத்தான் சொல்றாரு தம்பி, நம்ம புத்தி அப்படி" என்றார். நாற்பது ஆண்டுகள் இருட்டில் எழுந்து பால்மரம் வெட்டி, நான்கு பிள்ளைகளை ஆளாக்கிய தாய் அவர். அவருடைய புத்தியிலா குறை? அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஆகவே இதை எழுதுகிறேன்.

பழமொழி பொய் என்று நான் சொல்ல வரவில்லை. எண்ணம் சொல்லாகிறது, சொல் பழக்கமாகிறது, பழக்கம் குணமாகிறது, குணம் வாழ்வையே தீர்மானித்துவிடுகிறது. தோட்ட அலுவலகத்தில் செக்ரோல் எழுதும் கிராணியாகப் பல ஆண்டுகள் இதைக் கண்ணால் கண்டவன் நான். "நமக்கு இவ்வளவுதான்" என்று எண்ணுகிறவன் கூலி குறைந்தாலும் கணக்குக் கேட்கமாட்டான். கேட்காத தந்தையைப் பார்த்து வளரும் மகன் பள்ளியிலும் கேள்வி கேட்கமாட்டான். கேள்வி கேட்காத பிள்ளை பாதியில் படிப்பை நிறுத்துவான். பின்னர், "பார்த்தீர்களா, தோட்டத்துப் பிள்ளைக்குப் படிப்பு வராது" என்று ஊர் சொல்லும். இவ்வளவும் உண்மையே.

ஆனால் அந்தச் சொற்பொழிவாளர் ஒரு கேள்வியை விட்டுவிட்டார். "நமக்கு இவ்வளவுதான்" என்ற எண்ணம் அவன் தலைக்குள் எப்படி வந்தது? தாயின் வயிற்றிலிருந்து எவனும் அதைக் கொண்டு வருவதில்லை. களை தானாக முளைக்கும், இது களையன்று. நிரை பிடித்து, குழி வெட்டி, மரம் நடுவது போல் நட்டு வளர்த்த எண்ணம் இது!

எப்படி நட்டார்கள் என்று பாருங்கள். விடியுமுன் பிரட்டுக்களத்தில் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டார்கள். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் கூலியும் இல்லை என்றார்கள். நாளைய கூலி நிச்சயமில்லாதவன் பத்தாண்டுக்குப் பின் வரப்போவதை எப்படித் திட்டமிடுவான்? 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டங்களில் பள்ளி வேண்டும் என்றது. பல தோட்டங்களில் ஒரு கொட்டகையும் ஒரே ஆசிரியருமே பள்ளியாக இருந்தன. லயத்துக்கு அருகிலேயே கள்ளுக்கடை இருந்தது. கடையைத் திறந்து வைத்துவிட்டு, "இவர்கள் பிறவிக் குடிகாரர்கள்" என்றும் எழுதி வைத்தார்கள்.

இவற்றுக்கெல்லாம் மேலாக இன்னொன்று இருந்தது. துரையையோ கிராணியையோ வழியில் கண்டால், சைக்கிளில் போகும் தொழிலாளி கீழே இறங்கி நிற்க வேண்டும். இதற்கு எவரும் கூலி குறைக்கவில்லை; எவர் வயிற்றிலும் அடிக்கவில்லை. ஆனால் நாளுக்கு இருமுறை இறங்குகிறவன் ஆண்டுக்கு எத்தனை முறை இறங்குகிறான் என்று எண்ணிப் பாருங்கள். முதலில் கால் இறங்கும். பிறகு தலை இறங்கும். கடைசியில் எண்ணமே இறங்கிவிடும்.

இதை உணர்ந்தவர்கள் நம் முன்னோர். கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் 1941ஆம் ஆண்டு மூண்ட வேலைநிறுத்தத்தை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? 'தமிழ் நேசன்' ஏட்டில் பணியாற்றிய ஆர். எச். நாதனும் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தாரும் அதற்குத் துணை நின்றார்கள். சீனத் தொழிலாளிக்கு நிகரான கூலி வேண்டும் என்று கேட்டார்கள். அது வயிற்றுக்கான கோரிக்கை. அத்தோடு நின்றார்களா? பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்றார்கள். கள்ளுக்கடைகளை மூடு என்றார்கள். பெண்களிடம் அத்துமீறாதே என்றார்கள். உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் வந்து போக உரிமை கேட்டார்கள். கூட்டம் கூடவும் பேசவும் உரிமை கேட்டார்கள். துரைமார்கள், கிராணிமார்கள் முன்னே சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கத்தை ஒழி என்றும் எழுதிக் கொடுத்தார்கள்!

தோழர்களே, இந்தப் பட்டியலைச் சிந்தியுங்கள். குடிகாரன் என்று பழிக்கப்பட்டவன் கள்ளுக்கடையை மூடச் சொல்கிறான். படிப்பு வராது என்று இகழப்பட்டவன் பள்ளி கேட்கிறான். கூலி உயர்வோடு மானத்தையும் ஒரே தாளில் எழுதிக் கேட்கிறான். தாழ்ந்த எண்ணம் உடையவன் கேட்கிற கோரிக்கைகளா இவை?

விடை என்ன கிடைத்தது? மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அவர் கைதான செய்தி பரவியதும் தோட்டங்கள் மீண்டும் கொதித்தெழுந்தன. சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்தார்கள்; பட்டாளத்தை இறக்கினார்கள்; துப்பாக்கிகள் வெடித்தன; தொழிலாளர் உயிர் துறந்தனர். எண்ணத்தை மாற்றினால் வாழ்வு தானே மாறும் என்று மேடையில் பேசுவது எளிது. எண்ணத்தை மாற்றிக்கொண்ட தொழிலாளிக்கு அன்று கிடைத்தது குண்டு!

அப்படியானால் அந்த எண்ணம் செத்துவிட்டதா? இல்லை. போருக்குப் பின் கெடாத் தோட்டங்களில் தொண்டர் படை கிளம்பிக் கள்ளுக்கடைகளை மறித்தது. 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவாயிற்று. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனபோது, லயத்துக் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அந்த நிலையில் 1960இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பங்கு ஒன்று நூறு வெள்ளி. தோட்டத்துக் கூலி தோட்டத்துக்குச் சொந்தக்காரன் ஆவதா என்று நகைத்தவர்கள் உண்டு. நம் மக்கள் கூலியில் மிச்சம் பிடித்துப் பங்கு கட்டினார்கள். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் 1961இல் கூட்டுறவின் கைக்கு வந்தது. "நமக்கு இவ்வளவுதான்" என்ற எண்ணம் அன்று உடைந்தது. எப்படி உடைந்தது? கண்ணை மூடி உட்கார்ந்து நல்லதை நினைத்ததாலா? பலர் சேர்ந்து, பணம் கட்டி, பத்திரம் எழுதி வாங்கியதால்!

தொலைவுக்குப் போவானேன்? நம் சுங்கை பூலோவிலேயே சாட்சி இருக்கிறது. 1930இல் இங்கே தொழுநோயாளர் குடியேற்றம் திறக்கப்பட்டது. சட்டத்தின் பேரால் வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுவரப்பட்டவர்கள், பெற்ற குழந்தையைக்கூடத் தங்களோடு வைத்துக்கொள்ள முடியாதவர்கள் இங்கே வாழ்ந்தார்கள். "இவர்கள் முடிந்து போனவர்கள்" என்று உலகம் எண்ணியது. அவர்களும் அப்படியே எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை. ஆனால் அவர்களுக்கு அங்கே குடியிருக்க வீடும், பயிரிட நிலமும், தங்கள் காரியங்களைப் பேச ஒரு மன்றமும் இருந்தன. 1940களின் இறுதியில் சல்போன் மருந்து வந்தபின் நோயும் குணமாகத் தொடங்கியது. குணமானவர்கள் பூச்செடி வளர்த்து விற்றார்கள். இன்று கோலாலம்பூர் வீடுகளுக்குச் செடி வாங்க வருவோர் தேடி வரும் சுங்கை பூலோ நாற்றங்கால்களின் கதை இதுதான். அந்த இடத்துக்கு நம்பிக்கைப் பள்ளத்தாக்கு என்று பெயர். நம்பிக்கை அங்கே வளர்ந்தது உண்மை; ஆனால் அதற்கு மருந்து கிடைத்தது, மண் கிடைத்தது, கூடிப் பேசும் உரிமை கிடைத்தது. எண்ணமும் செடியைப் போன்றதே. வேர் ஊன்ற மண் கொடுக்காமல் "ஏன் பூக்கவில்லை?" என்று திட்டுவது நியாயமா?

இதுவரை பிறரைக் குறை சொன்னேன். இனி என்னையும் சொல்லியாக வேண்டும்.

1941இல் என் தாத்தா கிள்ளான் பக்கத்துத் தோட்டமொன்றில் இளைஞர். நான் சிறுவனாக இருந்த 1990களில் அவருக்கு வயது எழுபது. துரைமார் போய், பிரிட்டிஷ் ஆட்சி போய், சைக்கிள் வழக்கமும் ஒழிந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. ஆயினும் தோட்ட அலுவலகத்தைக் கடக்கும்போது அவர் சைக்கிளிலிருந்து இறங்கி, உருட்டிக்கொண்டே போய், தாண்டியபின் மீண்டும் ஏறுவார். "ஏன் தாத்தா?" என்று ஒருமுறை கேட்டேன். "பழகிப்போச்சுய்யா" என்றார். வழக்கம் ஒழிந்தும் காலை விட்டு அது போகவில்லை. அன்றே நான் முடிவு செய்தேன்: படித்துக் கிராணி ஆவேன், எவர் முன்னும் இறங்கமாட்டேன்.

கிராணி ஆனேன். இறங்கவில்லை. ஆனால் என் முன்னே பிறரை இறங்க வைத்தேன்!

நான் முன்பு வேலை பார்த்த தோட்டமொன்றில் வங்காளதேசத்துத் தொழிலாளர் பலர் இருந்தனர். சம்பளக் கணக்கில் இரண்டு நாள் விடுபட்டிருக்கிறது என்று ஓர் இளைஞன் அலுவலகச் சன்னலண்டை வந்து நின்றான். அரைகுறை மலாயில் பேசினான். வெயிலில் ஒரு மணி நேரம் அவனைக் காக்க வைத்தேன். பக்கத்து மேசை நண்பரிடம், "இவனுங்களுக்கு இது போதும், ஊர்ல இதுகூடக் கிடைக்காது" என்று சொன்னேன். சொல்லி முடித்ததும் என் நா கசந்தது. என் தாத்தாவைப் பற்றித் துரை சொன்ன சொல் அல்லவா அது! கணக்கைப் பார்த்தேன், தவறு என்னுடையது. திருத்திக் கொடுத்தேன். அவன் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு, இரு கையாலும் பணத்தை வாங்கிக்கொண்டு போனான். கழற்றச் சொன்னவர் எவரும் இல்லை. அவனுக்கும் பழகிப்போயிருந்தது.

தோழர்களே, ஒருவர் தலையில் விதைத்த தாழ்வெண்ணம் அவரோடு சாவதில்லை. அவர் கொஞ்சம் உயர்ந்ததும், தமக்குக் கீழே நிற்பவர் தலையில் அதைக் கொட்டுகிறார். இன்று தோட்டங்களில் நம் பாட்டன் நின்ற இடத்தில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் நிற்கிறார்கள். "அவர்களால்தான் நம் கூலி குறைகிறது" என்று நம்மவர் முணுமுணுக்கிறார்கள். குறைந்த கூலிக்கு ஆள் கொண்டுவருகிறவரை விட்டுவிட்டு, கொண்டுவரப்பட்டவரைத் திட்டுவது யாருக்கு வசதி? சீனத் தொழிலாளியையும் தமிழ்த் தொழிலாளியையும் பிரித்து வைத்துக் கூலியைக் குறைத்த அன்றைய தந்திரம் மறந்துவிட்டதா? வெளிநாட்டுத் தொழிலாளியும் சங்கத்தில் உறுப்பினராகச் சட்டம் இடம் தருகிறது. அவன் கடவுச்சீட்டைப் பிறர் பிடித்து வைப்பது 1966ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டப்படி குற்றம். நம்மில் எத்தனை பேர் இதை அவனிடம் எடுத்துச் சொல்லியிருக்கிறோம்?

ஆகவே சொற்பொழிவாளருக்கு என் பதில் இதுதான். ஐயா, எண்ணம் வாழ்வை ஆக்குகிறது என்பதை ஏற்கிறோம். ஆனால் எண்ணத்தைக் கூலியும் வீடும் பள்ளியும் நடத்தப்படும் விதமும் ஆக்குகின்றன என்பதையும் நீங்கள் சேர்த்துச் சொல்லுங்கள். நிலையான மாதச் சம்பளம் கேட்டு நாம் நடத்திய நெடிய போராட்டம் ஒரு வகையில் எண்ணத்துக்கான போராட்டமே. 2013இல் தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 900 ரிங்கிட் என்றும், 2025இல் 1,700 ரிங்கிட் என்றும் ஆனது. இவ்வளவு வரும் என்று தெரிந்தவனே பிள்ளையின் படிப்பைப் பற்றி நிம்மதியாக எண்ணுவான். அது போதுமா என்பது வேறு கேள்வி, அதையும் கேட்போம்.

நம் மக்களுக்கும் ஒரு சொல். பிறர் விதைத்தது என்பதற்காக அந்த எண்ணத்தைத் தலையில் வைத்துக்கொண்டே இருப்பதா? விதைத்தவர் வந்து பிடுங்கமாட்டார். பிடுங்க வேண்டியவர்கள் நாமே. தனியாகப் பிடுங்கினால் கை வலிக்கும். சேர்ந்து பிடுங்கினால் வேரோடு வரும். சம்பளச் சீட்டை வாங்கியதும் கணக்குப் பாருங்கள். புரியாவிட்டால் கிராணியைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. சொல்வது அவர் கடமை. "நமக்கு எதுக்கு இதெல்லாம்" என்ற சொல்லைப் பிள்ளைகளின் காதில் விழும்படி சொல்லாதீர்கள். 1941ஐ அவர்களுக்குக் கதையாகச் சொல்லுங்கள். சங்கக் கூட்டத்துக்கு வாருங்கள். வரும்போது பக்கத்துக் கொட்டகையில் இருக்கும் அயல்நாட்டுத் தோழனையும் அழைத்து வாருங்கள்.

கிராணித் தோழர்களே, உங்களுக்கும் எனக்கும் கடைசியாக ஒன்று. நம் முன்னே இறங்க மாட்டோம் என்று அன்று எழுதிக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். சன்னலுக்கு வெளியே நிற்பவருக்கு ஒரு நாற்காலி போடுவோம்!