மீன் என்ன ரஃப் கொப்பியா?

"பழகுறதுக்குத்தானே, சின்னதா ஒண்டு வாங்குங்கோ." மீன்தொட்டி வாங்கப் போன எவருக்கும் இந்த வசனம் பாடமாக இருக்கும். உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம், அடியில் நீலக் கல்லு, ஒரு பிளாஸ்டிக் செடி, இரண்டு தங்கமீன். "தொட்டியை இது துப்புரவாக்கும்" எண்டு சொல்லி மேலதிகமாக ஒரு சக்கர் மீன். மன்னாரில் இப்ப பிறந்தநாள் பரிசாக இதுதான் ஓடுது. பிள்ளை மூன்று நாள் சாப்பாட்டையும் மறந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டாம் கிழமை மீன் மிதக்கும். திரும்பக் கடைக்குப் போனால் "தீன் கூடப் போட்டிருப்பியள்" எண்டு பழி எங்கட தலையில், புதுசா இரண்டு மீன் பொலித்தீன் பையில். இந்த வியாபாரத்தின் மேல் எங்களுக்குக் கோபம் இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறோம்.

'பழகுறதுக்கு' என்ற சொல்லை முதலில் பிடிப்போம். கணக்குப் பிழைச்சால் வெட்டிவிட்டு அடுத்த பக்கம் புரட்டுகிற ரஃப் கொப்பிபோல, செத்தால் இன்னொண்டு வாங்கலாம் என்ற நினைப்பு அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. அதைவிடப் பெரிய பொய், சின்னத் தொட்டி லேசு என்பது. உண்மை தலைகீழ். ஐந்து லீற்றர் தண்ணியில் நடக்கிற ஒரு சின்னப் பிழை ஐம்பது லீற்றரில் தெரியவே தெரியாது. அனுபவக்காரரே தடுமாறுகிற கிண்ணத்தைத் தொடக்கக்காரர் கையில் கொடுத்துவிட்டு, பிறகு அவரையே குற்றம் சொல்கிறார்கள்.

ஏன் தடுமாற்றம்? மீன் தன் செவுள் வழியாக அமோனியாவை வெளியே விடுகிறது. மிஞ்சின தீன் அழுகினாலும் அதே நஞ்சுதான். வடிகட்டியிலும் கல்லிலும் குடியேறுகிற பற்றீரியாக்கள் அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதைப் பெரிய தீங்கில்லாத நைத்திரேற்றாகவும் மாற்றும். ஆனால் அவை பெருகி நிலைக்க நாலு முதல் ஆறு கிழமை பிடிக்கும். கடைக்காரர் தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் விற்கிறார். அந்த இரண்டாம் கிழமைச் சாவுக்குப் பெரும்பாலும் விதியும் இல்லை, கூடப்போட்ட தீனும் இல்லை. இந்த அவசரம்தான் காரணம். எங்கட ஊரில் இது இன்னும் மோசம். காரத்தன்மையான தண்ணியில் அமோனியாவின் நஞ்சு கூடும். பீ.எச் 7 இலிருந்து 8 இற்கு ஏறினால் நஞ்சான பங்கு ஏறத்தாழப் பத்து மடங்கு. தண்ணி சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கிற ஒட்சிசனும் குறையும். மேசையிலே வெயில் பட வைத்திருக்கிற கிண்ணத்தை இப்ப ஒருக்கா நினைச்சுப் பாருங்கோ.

(கலைப்பீடக்காரருக்கு இரசாயனம் எதுக்கு எண்டு கேட்பவர்களுக்கு: விற்கிறவர் சொல்லாததை வாங்குகிறவர்தானே படிக்கவேண்டிக் கிடக்கு.)

அடுத்தது, 'சாதுவான மீன்கள்' எண்டு அவர்கள் கலந்து தருகிற கூட்டம். தங்கமீன் குளிர்நீர் மீன். ஒரு சாண் நீளத்துக்கு வளரக்கூடியது. அதற்குக் கிண்ணம் சிறை. சக்கர் மீன் விற்கும்போது விரல் நீளம், வளர்ந்தால் ஓரடிக்கு மேல். தேவதை மீன் பார்க்க வடிவு, ஆனால் கூட இருக்கிற நியோன் ரெற்றாவை வளர்ந்தபின் விழுங்கிவிடும். புலிக்கெண்டை எண்டு சொல்லி விற்கிற ரைகர் பார்ப், கப்பியின் வாலைக் கிழித்துத் தின்னும். இதையெல்லாம் ஒரே பையில் கட்டித் தருகிறவருக்கு இது தெரியாது என்று நாங்கள் நம்பமாட்டோம்.

யூரியூப்பில் பார்த்து வாங்குகிறோம் என்பவர்களுக்கும் ஒரு கேள்வி. அந்தப் பட்டியல்கள் யாருடைய தண்ணிக்கு எழுதப்பட்டவை? குளிர்நாட்டு வீடுகளில் தொட்டிக்குச் சூடாக்கி தேவை. மன்னாரில் சூடாக்கி வாங்கினவரைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். நியோன் ரெற்றா அமேசன் பக்கத்து மென்னீரில் வாழ்கிற மீன். எங்கட வீட்டுக் கேத்திலைத் திறந்து பாருங்கோ, அடியில் வெள்ளைப் படை. அதுதான் எங்கட தண்ணியின் சாட்சி: சுண்ணாம்பு கூடிய வன்னீர், சில கிணறுகளில் உவரும் சேர்த்து. எந்த மீன் வாங்குவது என்ற முடிவை அந்தப் படையிடம் விடவேண்டும்.

மன்னார்க் கிணறுகள் இதற்கு ஏற்கெனவே ஒரு பதில் சொல்லியும் இருக்கின்றன. 2016 செப்ரெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு எண்டு உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதே ஆண்டு டிசெம்பரில், மலேரியாவைப் பரப்பக்கூடிய அனோபிலிஸ் ஸ்ரெபன்சி என்ற நுளம்பு இலங்கையில் முதற்தடவையாக எங்கட தீவில்தான் பிடிபட்டது. இந்தியாவின் நகரங்களில் மலேரியா பரப்புகிற நுளம்பு அது. கிணறும் நீர்த்தாங்கியும் அதற்கு வீடு. அதைக் கட்டுப்படுத்த எடுத்த நடவடிக்கைகளில் ஒன்று, குடம்பி தின்னுகிற மீன்களைக் கிணறுகளில் விட்டது. கப்பியும் அதில் ஒன்று. மீன்கடையில் மதிப்பில்லாமல் மூலைத் தொட்டியில் நெரிந்து கிடக்கிற அதே கப்பி. இன்றும் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து "கப்பி நிக்குது" எண்டு சொல்கிற வீடுகள் இருக்கின்றன. எங்கட தண்ணியில் உயிரோடிருக்கக்கூடிய மீன் எது எண்டதுக்கு இதைவிடப் பெரிய பரிசோதனை வேண்டுமா?

ஆகவே எங்கட கட்சி இது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி வாங்குங்கள். விளிம்புவரை நிரப்பினால் 56 லீற்றர் பிடிக்கும். ஒரு சின்ன வடிகட்டி, உயிருள்ள செடி. குழாய்த் தண்ணி என்றால் குளோரின் போக ஒரு நாள் வாளியில் திறந்து வையுங்கள். முதலில் மூன்று ஆண் கப்பி மட்டும். ஆணும் பெண்ணும் சேர்த்தால் மாதத்துக்கு ஒருக்கா குஞ்சு. பெண் கப்பி ஆணைக் காணாமலே மாதக்கணக்கில் ஈன்றுகொண்டிருக்கும், பிறகு குஞ்சுகளை எங்கே வைப்பது? அந்த மூன்றும் ஒன்றரை மாதம் நல்லா இருந்தால் இன்னும் மூன்று. அதுக்குப் பிறகு ஆசையெண்டால் நாலு பிளாட்டி, அதிலும் ஒரே பாலாகப் பாருங்கோ. கப்பி, பிளாட்டி, மொலி மூன்றுக்கும் வன்னீர் ஒத்துவரும். மொலி உவரையும் தாங்கும், ஆனால் பெருத்து வளர்வதால் இந்தத் தொட்டிக்கு வேண்டாம். கிழமைக்கு ஒருக்கா கால்வாசித் தண்ணி மாற்றுங்கள். முழுத் தண்ணியையும் ஊற்றி, கல்லைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுகிற வேலை வேண்டாம். பற்றீரியாவையும் சேர்த்துக் கழுவிவிடுவீர்கள்.

"கப்பி வெளிநாட்டு மீன்தானே, நம்ம நாட்டு மீனை வளர்க்கச் சொல்லுங்கோவன்" என்று எங்கட வட்டத்திலேயே ஒரு சண்டை நடந்தது. நியாயமான ஆசை. உலகக் கடைகளில் தொடக்கக்காரருக்கான சாதுவான மீன் எண்டு விற்கப்படுகிற செரி பார்ப் இலங்கைக்கே உரியது. சிங்களத்தில் லே தித்தயா. ஆனால் அது களனி முதல் நில்வளா வரையான ஈரவலய ஓடைகளின், மரநிழல் விழுகிற தண்ணியின் மீன். ஒரே நாடு எண்டதுக்காக அந்தத் தண்ணியும் எங்கட கிணற்றுத் தண்ணியும் ஒன்றாகிவிடாது. மழைத்தண்ணி சேர்த்துக் கலந்து வைக்கப் பொறுமை உள்ளவர்கள், பண்ணையில் பெருக்கின மீனாக வாங்கி முயலலாம். முதல் தொட்டிக்கு வேண்டாம்.

பெரியவர்கள் சிரிக்கிறார்கள்: "விடிஞ்சா பொழுதுபட்டா மீன் தின்னுற ஊரில ரெண்டு மீன் செத்ததுக்குக் கட்டுரையா?" சிரிக்கட்டும். வலை இழுக்கிறவர் மீனைத் தின்னப் பிடிக்கிறார். அந்த மீன் ஒரு வீட்டின் அடுப்பை எரிக்கும், மிஞ்சினால் கருவாடாகும். கிண்ணத்தில் செத்த மீன் யாருடைய பசிக்கு? அது சாகத்தான் விற்கப்பட்டது, அடுத்த மீன் விலைபோக. இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது மீனவருக்குத்தான் அவமானம்.

இன்னொன்று. வளர்ந்துவிட்ட சக்கர் மீனையும் அலுத்துப்போன மீனையும் "பாவம், உயிரோட இருக்கட்டும்" எண்டு குளத்தில் விடுகிற இரக்கம் கட்டுக்கரைக்குளத்துக்கு ஆபத்து. கண்ணாடித் தொட்டிக்கென்று வந்த கத்திமீனும் சக்கர் மீனும் இலங்கையின் நீர்நிலைகளில் பெருகி, உள்ளூர் மீனுக்கு எதிரியாகிவிட்டன. கப்பியையும் விடக்கூடாது; கிணறு வேறு, குளம் வேறு. வேண்டாத மீனை வாங்கின கடைக்கே திருப்பிக் கொடுங்கள், வாங்கமாட்டோம் என்றால் அங்கேயே நின்று கேளுங்கள். ஒவ்வொரு தொட்டியிலும் விலைக்குக் கீழே, இந்த மீன் எவ்வளவு வளரும், எந்தத் தண்ணி வேண்டும் என இரண்டு வரி எழுதி ஒட்டவும் சொல்லுங்கள். மாக்கர் பேனை இல்லையெண்டால் நாங்கள் கொண்டுவந்து தருகிறோம்.